முழு முட்டையா, வெள்ளைக்கருவா, இட்லி வடையா? எல்.டி.எல். ஏறியவர்களின் காலைச் சாப்பாடு

ரத்தப் பரிசோதனையில் எல்.டி.எல். என்ற கெட்ட கொலஸ்ட்ரால் கூடியிருப்பது தெரிந்ததும், மும்பைத் தமிழ் வீடுகளில் முதலில் நிறுத்துவது முட்டையைத்தான். செம்பூரிலும் முலுண்டிலும் எனக்குத் தெரிந்த பல வீடுகளில் இதே கதை. முட்டை போய், அந்த இடத்துக்கு மெதுவடையோ, பன் மாதிரியான பாவுக்குள் உருளைக்கிழங்கு போண்டா வைத்த வடா பாவோ வந்துவிடுகிறது. சில மாதம் கழித்துப் பார்த்தால் எண் அப்படியே இருக்கிறது. முட்டையை அதற்குப் பதிலாக வருவதோடு சேர்த்து எடை போட்டால்தான் எது தேவலை என்று தெரியும்.

ஒரு பெரிய முட்டையில் சுமார் 186 மில்லிகிராம் கொலஸ்ட்ரால் இருக்கிறது, அத்தனையும் மஞ்சள் கருவில். 1968இல் அமெரிக்க இதய சங்கம் வாரத்துக்கு மூன்று மஞ்சள் கருவுக்கு மேல் வேண்டாம் என்றது. பிறகு 2015-2020க்கான அமெரிக்க உணவு வழிகாட்டி, நாளுக்கு 300 மில்லிகிராம் என்ற வரம்பையே எடுத்துவிட்டது. ரத்தத்தில் ஓடும் கொலஸ்ட்ராலில் பெரும்பகுதியை நம் கல்லீரலே தயாரிக்கிறது. சாப்பாட்டில் கூடுதலாக வந்தால், பலருக்குக் கல்லீரல் தன் உற்பத்தியைக் கொஞ்சம் குறைத்துக்கொள்ளும். வெண்ணெய், நெய், தேங்காயில் நிறைய இருக்கும் நிறைவுற்ற கொழுப்பு விஷயம் வேறு. ரத்தத்திலிருந்து எல்.டி.எல்லை உள்ளே இழுத்துக்கொள்ளும் கல்லீரலின் வேலையையே அது மந்தமாக்குகிறது. ஒரு முட்டையில் இந்தக் கொழுப்பு ஒன்றரை கிராம் அளவுதான்.

இதை வைத்து முட்டைக்கு முழு விடுதலை கொடுத்துவிட முடியாது. 2019இல் வந்த பெரிய அமெரிக்க ஆய்வொன்று, முட்டை கூடக் கூட இதயநோயும் கூடுவதாகச் சொன்னது. மறு ஆண்டே வந்த இன்னொன்று, நாளுக்கு ஒரு முட்டை வரை அப்படி ஒரு தொடர்பைக் காணவில்லை என்றது. இரண்டுமே மக்களின் பழக்கத்தைத் தொடர்ந்து கவனித்த ஆய்வுகள், முட்டையைத் தனியாகப் பிரித்துச் சோதித்தவை அல்ல. தட்டில் முட்டையோடு வேறென்ன இருந்தது என்பது பெரிய கேள்வி என்று நான் நினைப்பது அதனால்தான்.

மும்பையில் அந்தக் கேள்விக்குப் பதில் தெருமுனையிலேயே கிடைக்கும். சாயந்திரம் சயான் பக்கம், முட்டைப் பொடிமாஸ் மாதிரியான புர்ஜி விற்கும் வண்டி முன்னால் நின்று பாருங்கள். தவா காய்ந்ததும் வெண்ணெய்க் கட்டி விழுகிறது. வெங்காயம், பச்சை மிளகாய், தக்காளி வதங்கியதும் இரண்டு முட்டை. கிளறி ஓரமாக ஒதுக்கிவிட்டு, அதே தவாவில் மறுபடி வெண்ணெய் தடவி, பிளந்த பாவைக் கவிழ்த்து அழுத்துகிறார்கள். பாவின் வெள்ளைப் பக்கம் அதை முழுக்க உறிஞ்சிக்கொள்கிறது. இரண்டு முட்டையின் நிறைவுற்ற கொழுப்பு சுமார் 3 கிராம். ஒரு மேசைக்கரண்டி வெண்ணெயில் மட்டும் 7 கிராம். எல்.டி.எல். குறைக்க வேண்டியவர், 2,000 கலோரி சாப்பிடுபவராக இருந்தால், நாள் முழுவதற்கும் 13 கிராமுக்குள் நிற்கச் சொல்கிறார்கள். ஒரே பிளேட்டில் 10 போய்விட்டது, பாவுக்குத் தடவியதை இன்னும் சேர்க்கவில்லை.

இதே முட்டை வீட்டில் வேறு மாதிரி. ஒரு டீஸ்பூன் கடலை எண்ணெய், ஒரு முட்டை, கைப்பிடி நிறைய வெந்தயக்கீரை, கூடவே ஒரு ஜோவார் பாக்ரி, அதாவது சோள ரொட்டி. கொழுப்புக் கணக்கில் இதற்குப் பக்கத்தில்கூட அந்தப் புர்ஜி வர முடியாது. அவித்த முட்டை என்றால் எண்ணெயே வேண்டாம்.

வெள்ளைக்கரு மட்டும் சாப்பிடுவது? கொலஸ்ட்ரால் இல்லை, கொழுப்பும் இல்லாத அளவுதான், புரதம் மூன்றரை கிராம். ஆனால் கோலின் என்ற சத்து, வைட்டமின் டி எல்லாம் மஞ்சளோடு போய்விடுகின்றன. சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கும் ஏற்கெனவே மாரடைப்பு வந்தவர்களுக்கும் இது தோதானது. மற்றவர்கள் இரண்டு வெள்ளைக்கருவோடு ஒரு முழு முட்டை சேர்த்து ஆம்லெட் போடலாம். ருசியும் கெடாது.

இட்லி பாவம், அதில் கொழுப்பு மிகக் குறைவு, சாம்பாரின் பருப்பு நல்லதுதான். சிக்கல் கூட வருவதில். மாட்டுங்காவில் டிபன் சாப்பிடப் போனால் பொடி இட்லியில் நெய் வழியும், பக்கத்தில் வடை, கெட்டித் தேங்காய்ச் சட்னி. ஒரு மேசைக்கரண்டி நெய்யில் நிறைவுற்ற கொழுப்பு 8 கிராமைத் தாண்டும், அதாவது ஐந்து முட்டைக்குச் சமம். தேங்காயின் கொழுப்பும் பெரும்பாலும் இதே ரகம். சைவம் என்பதாலேயே இந்தத் தட்டு இதயத்துக்குப் பத்திரம் என்று நம்புவது ஆபத்து. பொரிப்பது பாமாயிலாக இருந்தால் அதில் ஏறக்குறைய பாதி நிறைவுற்ற கொழுப்பு. வடா பாவில் மைதாவும் சேர்கிறது, கூடவே சர்க்கரை போட்ட கட்டிங் சாய். ரத்தத்தில் ட்ரைகிளிசரைடு என்ற இன்னொரு கொழுப்பும் கூடியிருப்பவர்களுக்கு இது இரட்டை அடி.

இவை எல்லாவற்றையும் ஜெயிப்பது எதுவென்று கேட்டால், ஓட்ஸும் பயறும்தான் என்பேன். முட்டையைப் பற்றிய சண்டை முழுக்க அது கெடுக்குமா கெடுக்காதா என்பது மட்டும்தான், எல்.டி.எல்லைக் குறைக்கும் என்று யாரும் சொல்வதில்லை. ஓட்ஸ் குறைக்கும். அதிலுள்ள பீட்டா குளுக்கான் என்ற கரையும் நார்ச்சத்து நாளுக்கு 3 கிராம் போனால், எல்.டி.எல். 5 முதல் 10 விழுக்காடு வரை இறங்கலாம். அதற்குச் சுமார் 75 கிராம் ஓட்ஸ் வேண்டும், பாயசம் மாதிரி சர்க்கரை போட்டுக் கிண்டாமல். ஓட்ஸ் பிடிக்காதவர்களுக்கு மட்கி உசல் இருக்கிறது. முளைகட்டிய பயறு, எண்ணெய் கொஞ்சம், மேலே எலுமிச்சை. நம் சுண்டலின் மராட்டி உறவு அது. ஓட்ஸ், பார்லி, சோயா, பாதாம், தாவர ஸ்டெரால் (செடிகளில் உள்ள, கொலஸ்ட்ரால் மாதிரியான பொருள்) எல்லாம் சேர்ந்த உணவை 2003இல் டொராண்டோவில் சோதித்தபோது ஒரே மாதத்தில் எல்.டி.எல். 28 விழுக்காடு அளவுக்குக் குறைந்தது. சாப்பாட்டை ஆய்வாளர்களே கொடுத்தார்கள், வீட்டில் அவ்வளவு வராது. பாதி வந்தாலும் லாபம்தான்.

என் கணக்கில் வாரத்தில் பாதி நாள் ஓட்ஸ் அல்லது உசல், மற்ற நாட்களில் காய்கறியோடு ஒரு முழு முட்டை, வெண்ணெய் கிடையாது. சிலருக்கு மட்டும் மஞ்சள் கரு மற்றவர்களைவிட அதிகமாக எல்.டி.எல்லை ஏற்றும். சந்தேகம் இருந்தால் வேறு எதையும் மாற்றாமல் ஆறு வாரம் மஞ்சள் கருவை மட்டும் நிறுத்திவிட்டு, அதே லேபில் மறுபடி பாருங்கள். மாத்திரை சாப்பிடுபவர்கள் அதை நீங்களாக நிறுத்த வேண்டாம். எல்.டி.எல். 190ஐத் தாண்டியிருந்தால் சாப்பாட்டை மட்டும் நம்பிக் காத்திருக்காமல் டாக்டரைப் பாருங்கள். அது பரம்பரையாக வருவதாக இருக்கலாம், அப்படியானால் உங்கள் பிள்ளைகளுக்கும் இப்போதே பரிசோதனை தேவைப்படும்.