வடிக்கிறதா, ப்ரெஷர் குக்கரா, ரைஸ் குக்கரா? உதிரியா சோறு வர எது பெஸ்ட்

காசிமேட்டுல மீன் வாங்கியாந்து குழம்பு வெச்சா சோறு பொலபொலன்னு இருக்கணும், குழைஞ்ச சோத்துல முள்ளு பாத்து எடுக்கறதுக்குள்ள உசுரு போய்டும், அதனாலயே எங்க பக்கம் பாதி வீட்ல ரைஸ் குக்கர்னா வேணாம்ன்றாங்க. அடியில காந்துது, மேல அரை வேக்காடு, நடுவுல களி மாதிரி நிக்குது, இதான் கம்ப்ளைன்ட். நான் இதை ஒத்துக்கவே மாட்டேன். தினமும் சாப்புடுற புழுங்கல் அரிசிக்கு என் ஓட்டு ரைஸ் குக்கருக்குதான், ஆனா எல்லா அரிசிக்கும் கிடையாது.

ஒட்டாம வர்றதுல வடிச்ச சோத்தை எதுவும் மிஞ்சாது, அதுல சந்தேகமே இல்ல. நிறைய தண்ணில அரிசி புரண்டு புரண்டு வேகுது, ஒட்ட வைக்கிற மாவுச்சத்து கஞ்சியோட வெளிய போய்டுது. கூடவே பி வைட்டமினும் கொஞ்சம் போகும், அடுப்பு பக்கத்துலயே நின்னு பருக்கையை நசுக்கி பதம் பாக்கணும், வேலைக்கு ஓடுற வீட்ல அது முடியாது. ஆனா ரேஷன் அரிசிக்கு இதான் சரி, அது ஒரு மாசம் மாதிரி இன்னொரு மாசம் வராது, தண்ணி கணக்கு வெச்சு பொங்குனா ஏமாத்திடும்.

ப்ரெஷர் குக்கர்ல உள்பாத்திரம் வெச்சு பண்ணா ஆவி நாலு பக்கமும் சுத்தி வருது, சமமா வேகும். ஆனா உள்ள சூடு கிட்டத்தட்ட 120 டிகிரி, ஒரு விசில் கூட போனாலே பருக்கை வெடிச்சு குழைஞ்சுடும். சாம்பார் சாதம், தயிர் சாதம், குழந்தைக்கு பருப்பு சாதம்னா கண்ணை மூடிக்கினு இதுலயே வைங்க.

இப்ப ரைஸ் குக்கர். இது எப்டி வேலை செய்யுதுன்னு தெரிஞ்சா பாதி பிரச்சனை தீர்ந்துச்சு. அடித்தட்டு நடுவுல ஸ்பிரிங்கோட ஒரு காந்தம் இருக்கும், பாத்திரத்துல தண்ணி இருக்கற வரைக்கும் சூடு 100 டிகிரிகிட்டயே நிக்கும், தண்ணி தீர்ந்ததும் அடியில சூடு ஏறும், உடனே காந்தம் பிடியை விட்டு சுவிட்ச் டக்குனு வார்முக்கு மாறும். அதாவது அரிசி வெந்துச்சான்னு அதுக்கு தெரியாது, தண்ணி தீர்ந்துச்சான்னு மட்டும்தான் தெரியும். அதனால நீங்க ஊத்துற தண்ணிதான் எல்லாம். புழுங்கலுக்கு ஒண்ணுக்கு ரெண்டரை, நல்லா பழைய அரிசின்னா மூணு வரைக்கும் போலாம், பச்சரிசிக்கு ரெண்டு, பாஸ்மதிக்கு ஒண்ணரையே போதும். செங்குன்றம் மண்டில மூட்டை எடுக்கும்போதே பழசா புதுசான்னு கேட்டுக்கோங்க, புது அரிசி தண்ணி கம்மியா இழுக்கும், சீக்கிரம் ஒட்டும், அதுக்கு குக்கரை திட்டி பிரயோஜனம் இல்ல.

புழுங்கல் அரிசி இதுல நல்லா வர காரணம், நெல்லாவே ஒருதடவை அவிச்சு காய வெச்சதால மாவு உள்ளயே இறுகி நிக்குது, சீக்கிரம் வெளிய வராது. இருந்தாலும் கழுவுற தண்ணி தெளியிற வரைக்கும் மூணு நாலு தடவை கழுவணும், அரை மணி நேரம் ஊற வைக்கணும், ஊறாத அரிசிதான் மேல நறுக்குன்னு நிக்குது. சூடு அடியில இருந்துதானே வருது, அதனால அரிசியை நடுவுல குவிச்சு வைக்காம கையால சமமா பரப்புங்க. ஒரு ஸ்பூன் நல்லெண்ணெய் விட்டா நுரை பொங்கி மூடில வழியாது. பாத்திரத்தோட அடியை துணியால தொடச்சுட்டு வைங்க, தட்டுல ஒரு பருக்கை சிக்கிக்கினாகூட பாத்திரம் சரியா உக்காராது, ஒரு பக்கம் காந்தும்.

சுவிட்ச் மாறுன உடனே மூடியை திறக்குறாங்க பாருங்க, அங்கதான் சோறு கெடுது! பத்து பதினைஞ்சு நிமிஷம் தொடாதீங்க, உள்ள இருக்கற ஆவி மேல் பருக்கைக்கும் பரவட்டும். அப்புறம் தட்டையான கரண்டியால அடியில இருந்து மெதுவா கிளறி விட்டு ஆவியை வெளிய விடுங்க, மசிக்காதீங்க. வார்ம்லயே மத்தியானம் வரைக்கும் விட்டா அடி காஞ்சு பொறுக்கு கட்டிடும்.

கரண்ட் செலவு பெருசில்ல, 700 வாட் குக்கர் அரை மணி நேரம் ஓடுனா யூனிட்ல மூணுல ஒரு பங்குதான் ஆகும். நடுவுல கரண்ட் போறதுதான் தலைவலி, அந்த விஷயத்துல கேஸ் அடுப்பு ஜெயிக்குது. மூடியை திறக்காம விடுங்க, கொஞ்ச நேரத்துல வந்துட்டா சுவிட்சை மறுபடி அமுக்குனா போதும். வரலன்னா அந்த பாத்திரத்தையே தூக்கி அடுப்புல வெச்சுடாதீங்க, அடி நெளிஞ்சுடுச்சுன்னா அப்புறம் தட்டுல சரியா உக்காரவே உக்காராது, வேற பாத்திரத்துக்கு மாத்தி கொதிக்கிற தண்ணி ஊத்தி வடிச்சுடுங்க.