டின்னில் −40 எழுதியிருக்கிறது: தாப்பா கடைகளில் கிடைக்கும் ஆட்டோ கியர் எண்ணெய்களைப் பற்றி

தாப்பா பட்டணத்து உதிரிபாகக் கடைகளில் ஆட்டோ கியர் (தானாகக் கியர் மாறும் பெட்டி) எண்ணெய் பெரும்பாலும் மூன்று ரகமாக இருக்கும். முதலாவது, டெக்ஸ்ரான்-3 என்று எழுதிய மினரல் எண்ணெய். இரண்டாவது, பல வண்டிகளுக்கும் பொருந்தும் என்று சொல்லும் முழு சிந்தெடிக். மூன்றாவது, கனரக லோரிகளுக்கு ஆட்டோ கியர் பெட்டி செய்யும் ஆலிசன் நிறுவனத்தின் அங்கீகாரம் பெற்ற சிந்தெடிக். பின்னிரண்டின் விலை முதலாவதைப் போல இரண்டு மடங்குக்கு மேல் போகும். விலையைக் கேட்டுத் தயங்கினால் கடை முதலாளி தவுக்கே டின்னைத் திருப்பி −40 டிகிரி என்ற எண்ணைக் காட்டுவார். அந்த எண்ணுக்காகக் கூடுதல் வெள்ளி கொடுக்கலாமா?

நம் மலேசியாவில் பதிவான மிகக் குறைந்த வெப்பநிலை 7.8 டிகிரி செல்சியஸ். 1978 பிப்ரவரி 1 அன்று கேமரன் மலையில் பதிவானது. மிக அதிகம் 40.1 டிகிரி, 1998 ஏப்ரல் 9 அன்று பெர்லிஸ் சுப்பிங்கில். ரிங்லெட்டில் விடிகாலை காய்கறி ஏற்றும் லோரிகூட உறைபனியைப் பார்ப்பதில்லை. ஆக, குளிருக்காக அந்த எண்ணெய் நமக்கு வேண்டியதில்லை. ஆனால் அந்த எண் எண்ணெயின் அடிச்சரக்கை, அதாவது அடிப்படையான அடி எண்ணெயைப் பற்றி ஒன்று சொல்கிறது; அதைப் படிக்கத் தெரிந்தவருக்கு அது பயன்படும்.

அது புரூக்ஃபீல்ட் என்ற சோதனையில் −40 டிகிரியில் எண்ணெய் எவ்வளவு கெட்டியாகிறது என்பதன் அளவு. சென்டிபாய்ஸில் சொல்வார்கள், எண் சிறியதாக இருந்தால் எண்ணெய் குளிரிலும் ஓடும். ஜெனரல் மோட்டார்ஸ் (ஜி.எம்.) நிறுவனத்தின் டெக்ஸ்ரான்-3 விதி 20,000 வரை அனுமதித்தது. டெக்ஸ்ரான்-6 அதை 15,000 ஆக்கியது. ஃபோர்டின் மெர்கான்-5 கேட்பது 13,000-க்குள். தரவுத் தாளில் 10,000-க்குக் கீழே ஓர் எண் இருந்தால், மெழுகு நன்றாக நீக்கிய உயர்தர அடி எண்ணெய் உள்ளே இருக்கிறது என்று பெரும்பாலும் நம்பலாம்.

கனடாவின் யெல்லோநைஃப் பக்கம் லோரி ஓட்டுகிறவருக்கு இது உயிர்நாடி. இரவு முழுக்க −40-ல் நின்ற வண்டியில் எண்ணெய் கூழாகிவிடும். கியர் பெட்டியின் பம்ப், ஃபில்டர் வழியாக அதை உறிஞ்ச முடியாமல் காற்றை இழுக்கும். அழுத்தம் ஏறத் தாமதமாகும். கிளட்ச் தட்டுகள் முழுதாகப் பிடிக்காமல் வழுக்கித் தேயும். டி-யில் போட்டுச் சில விநாடி கழித்து வண்டி திடுக்கென்று நகர்வது இதன் அடையாளம். அதற்காக எஞ்சினை முறுக்கினால் கிளட்ச் கருகும். அங்கே எண்ணெய்த் தட்டின் அடியில் மின்சார ஹீட்டர் ஒட்டி வைப்பார்கள். ஆலிசன் கையேடு ஒவ்வொரு எண்ணெய்க்கும் ஒரு குறைந்தபட்ச வெப்பநிலை தருகிறது. அதற்குக் கீழே என்றால் ஹீட்டரால் சூடாக்க வேண்டும், அல்லது நியூட்ரலில் குறைந்தது 20 நிமிடம் ஓடவிட வேண்டும். பலர் கவனிக்காத இன்னொரு கோளாறும் உண்டு. வெளியே பொருத்திய கூலரின் சிறு குழாய்களில் எண்ணெய் உறைந்து அடைத்துக்கொள்ளும். கூலருக்குப் போகாத எண்ணெய் பெட்டிக்குள்ளேயே சுற்றி, அந்தக் குளிரிலும் கியர் பெட்டி கொதிக்கும். அதனால்தான் அங்கே, அடைத்தால் எண்ணெயை மாற்று வழியில் விடும் பைபாஸ் வால்வு உள்ள கூலராகப் பார்த்து வாங்குகிறார்கள்.

நம் பக்கம் கவலை தலைகீழ். தாப்பாவிலிருந்து கேமரன் ஏறும் 59-ஆம் கூட்டரசுச் சாலையில் சுமையோடு போகும் பிக்கப், வளைவுக்கு வளைவு வேகம் குறைகிறது. எஞ்சின் சக்தியை எண்ணெய் வழியாகக் கியர் பெட்டிக்குக் கடத்தும் டார்க் கன்வர்ட்டர் பூட்டிக்கொள்ள வாய்ப்பில்லை; அது நழுவும் ஒவ்வொரு விநாடியும் சக்தி சூடாக மாறி எண்ணெயில் இறங்குகிறது. சமதளத்தில் 80 முதல் 95 டிகிரிக்குள் இருக்கும் எண்ணெய், இந்த ஏற்றத்தில் 110-ஐத் தாண்டுவது சாதாரணம். பட்டறைக் கணக்கு ஒன்று உண்டு: எண்ணெயின் சூடு 10 டிகிரி கூடினால் அதன் ஆயுள் பாதியாகும். செம்பனைத் தோட்டத்துக்குள் முதல் கியரில் ஊர்ந்து ஊர்ந்து குலை ஏற்றும் வண்டிக்கும் இதே கதிதான்; காற்றோட்டமே இல்லாததால் இன்னும் மோசம் என்றும் சொல்லலாம்.

ஆகவே இங்கே பார்க்க வேண்டியது 100 டிகிரியில் உள்ள பாகுத்தன்மை, அது தேய்ந்த பிறகும் நிலைக்கிறதா என்பது, ஆக்சிஜனேற்றத்தைத் தாங்குமா என்பது. இந்தக் கண்ணோடு மூன்று ரகத்தையும் பார்ப்போம்.

டெக்ஸ்ரான்-3 மினரல். புதிதாக ஊற்றும்போது 100 டிகிரியில் 7 முதல் 7.5 சென்டிஸ்டோக்ஸ் (பாகுத்தன்மையின் அளவு) இருக்கும். கெட்டிதானே, நல்லதுதானே என்று தோன்றும். ஆனால் அந்தக் கெட்டித்தன்மையில் ஒரு பங்கு பாலிமர் சேர்த்து வந்தது; பற்சக்கரங்கள் அந்தப் பாலிமரை நறுக்க நறுக்க எண்ணெய் இளகிக்கொண்டே போகும். டெக்ஸ்ரான்-6 தொடக்கத்தில் 6.4-க்கு மேல் இருக்கக் கூடாது, நறுக்கல் சோதனைக்குப் பிறகும் 5.5-க்குக் கீழே இறங்கக் கூடாது. மெல்லியதாகத் தொடங்கினாலும் அது நிலையாக நிற்கிறது. இன்னொன்று: ஜி.எம். டெக்ஸ்ரான்-3 உரிமத்தை 2006-க்குப் பிறகு புதுப்பிக்கவில்லை. இன்று அலமாரியில் அந்தப் பெயரோடு நிற்கும் எதையும் ஜி.எம். சோதித்துப் பார்க்கவில்லை, தயாரிப்பாளரின் சொல்லை மட்டும் நம்பி வாங்குகிறோம். பவர் ஸ்டீயரிங்குக்கும், பழைய நான்கு கியர் பெட்டி உள்ள தோட்டத்து வண்டிக்கும் வாங்கலாம், அடிக்கடி மாற்றினால். மலை ஏறும் வண்டிக்கு வேண்டாம்.

பல வண்டிகளுக்கான சிந்தெடிக். பெரும்பாலான பிக்கப்காரர்கள் இதைத்தான் வாங்குகிறார்கள், அதிகம் ஏமாறுவதும் இதில்தான். எண்ணெய் மோசம் என்று சொல்ல மாட்டோம்; நல்ல தயாரிப்பாளருடையது வெப்பத்தை மினரலைவிடத் தெளிவாகத் தாங்கும். சிக்கல் பட்டியலில் இருக்கிறது. ஒரே டின்னில் டொயோட்டா டி-4, டொயோட்டா டபிள்யூ.எஸ்., மிட்சுபிஷி எஸ்.பி.-3, நிசான் மேட்டிக்-எஸ், மெர்கான் எல்.வி. என்று எல்லாமே எழுதியிருந்தால் சந்தேகப்படுங்கள். டி-4 கெட்டி ரகம், டபிள்யூ.எஸ். மெல்லிய ரகம், ஒரே எண்ணெய் இரண்டுக்கும் கச்சிதமாகப் பொருந்த வழியில்லை, ஏதோ ஒரு பக்கம் சமரசம் இருக்கும். டொயோட்டா இந்த இரண்டையும் கலக்கக் கூடாது என்கிறது. ஆறு கியர் ஃபோர்டு ரேஞ்சர் பிக்கப்புக்கு மெர்கான் எல்.வி., பத்து கியர் ரேஞ்சருக்கு மெர்கான் யூ.எல்.வி.; ஒன்றின் இடத்தில் மற்றொன்றை ஊற்றவே கூடாது. யூ.எல்.வி. 100 டிகிரியில் ஏறத்தாழ 4.5 சென்டிஸ்டோக்ஸ்தான். அதற்கென வடிவமைத்த சோலனாய்டில் (எண்ணெய் ஓட்டத்தைக் கட்டுப்படுத்தும் மின் வால்வு) கெட்டி எண்ணெய் போனால் கியர் மாறும் நேரம் பிசகும்.

லேபிளில் "உரிமம் பெற்றது" என்பதும் "பொருந்தும்" என்பதும் ஒன்றல்ல. டெக்ஸ்ரான்-6 உரிமம் உண்மையானால் ஆங்கில 'ஜே' எழுத்தில் தொடங்கும் எண் டின்னிலேயே அச்சாகியிருக்கும். வெறும் "பொருந்தும்" மட்டும் இருந்தால், வண்டிக் கம்பெனியின் சொந்த டின்னுக்கும் இதற்கும் விலை வித்தியாசத்தைக் கேட்டுப் பாருங்கள். பல நேரம் அந்த வித்தியாசத்துக்காகக் கியர் பெட்டியைப் பணயம் வைப்பதில் அர்த்தமில்லை.

ஆலிசன் ரகம். தோட்டத்துத் தண்ணீர் லோரி, குப்பை லோரி, தீயணைப்பு வண்டி போன்றவற்றில் ஆலிசன் பெட்டி இருந்தால் யோசிக்கவே வேண்டாம், ஆலிசனின் எண்ணெய்த் தரமான டி.இ.எஸ்.-295 அல்லது அதற்குப் பின் வந்த டி.இ.எஸ்.-668 வாங்குங்கள். 668 பழைய 295 இருக்கும் பெட்டிக்கும் ஒத்துவரும். டி.இ.எஸ்.-389 என்பது அதே நிறுவனத்தின் மினரல் ரக அங்கீகாரம். மலிவு, ஆனால் மாற்றும் இடைவெளி மிகக் குறுகியது. 295-க்கான நீண்ட இடைவெளியை மனதில் வைத்து 389-ஐ ஊற்றிவிட்டு மறந்துபோவது பெரிய ஆபத்து. இரண்டையும் கலந்துவிட்டால் 389-இன் இடைவெளியில் மாற்றுங்கள். கொடுக்கும் பணத்துக்கு முழுதாக வேலை செய்யும் ரகம் இந்த மூன்றில் இதுதான். ஆனால் இதைப் பிக்கப்பில் ஊற்றாதீர்கள். விலை அதிகம் என்பதற்காக எல்லாப் பெட்டிக்கும் உயர்ந்தது என்று ஆகிவிடாது.

மாற்றும் முறையிலும் நம் வெயில் குறுக்கே வரும். டிப்ஸ்டிக் இல்லாத பெட்டிகளில் எஞ்சின் ஓடும்போது வழிவுத் துளை வழியாக அளவு பார்க்க வேண்டும். டொயோட்டா போன்றவை எண்ணெய் 40 டிகிரியை ஒட்டி இருக்கும்போது பார்க்கச் சொல்கின்றன. சரியான எண் வண்டிக்கு வண்டி மாறும், கையேட்டைப் பாருங்கள். தாப்பாவில் மதியம் இரண்டு மணிக்கு நிறுத்திய வண்டியின் எண்ணெயே 35 டிகிரி இருக்கும். எஞ்சினைப் போட்டு, ஒவ்வொரு கியராக மாற்றி, துளையைத் திறப்பதற்குள் அந்தச் சூடு தாண்டிப் போயிருக்கும். 10 லிட்டர் எண்ணெய் 30 டிகிரி கூடச் சூடானால் ஏறத்தாழ கால் லிட்டர் விரியும். 70 டிகிரியில் துளையைத் திறந்து, வழிவது நிற்கும்வரை காத்திருந்தால் பெட்டியில் அவ்வளவு எண்ணெய் குறையும். பிறகு 59-ஆம் சாலை வளைவில் பம்ப் காற்றை இழுத்துக் கியர் நழுவும். பழி எண்ணெய் மேல் விழும். காலை எட்டு மணிக்குள், ஸ்கேனரில் எண்ணெய் வெப்பநிலையைப் பார்த்தபடியே இதைச் செய்யச் சொல்லுங்கள். ஸ்கேனர் இல்லாத பட்டறையில் இந்த வேலையைக் கொடுக்க வேண்டாம்.

பெட்டியில் மொத்தம் 10 லிட்டர் என்றால் தட்டைத் திறந்து வடிக்கும்போது வருவது 4 லிட்டர் போலத்தான். மீதி கன்வர்ட்டரிலும் குழாய்களிலும் தங்கிவிடும். ஒரு முறை மாற்றினால் 40 சதவீதம் புதிது, இரண்டாம் முறை 64, மூன்றாம் முறை 78. ஆகவே 4 லிட்டர் டின் ஒன்றை வாங்கி "மாற்றியாச்சு" என்று நினைக்காதீர்கள். சில நூறு கிலோமீட்டர் இடைவெளியில் மூன்று முறை மாற்ற 12 லிட்டர், ஒரே ரகத்தில், ஒரே கடையில் வாங்குங்கள். முதல் முறையிலேயே ஃபில்டரையும் தட்டு கேஸ்கெட்டையும் மாற்றி, காந்தத்தைத் துடையுங்கள். காந்தத்தில் மெல்லிய சாம்பல் பசை இயல்பு. நகத்தில் தட்டுப்படும் துகள் இருந்தால் எண்ணெய்க்குச் செலவழிப்பதை நிறுத்திவிட்டுப் பெட்டியைப் பிரிக்க வேண்டும். பல ஆண்டுகள் மாற்றாமல் ஓடிய வண்டிக்கு மெஷின் வைத்து அழுத்தத்தோடு கழுவுவது வேண்டாம். கிளறிய அழுக்கு, எண்ணெயைக் கியர்களுக்குப் பிரித்து அனுப்பும் வால்வு பாடியில் போய் உட்காரும்.

வடித்த எண்ணெய் பண்டோங் (ரோஸ் பால்) நிறத்தில் வந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது. ரேடியேட்டருக்குள் இருக்கும் கூலர் ஓட்டையாகியிருக்கலாம். அல்லது மழைக்காலத்தில் தோட்டத்து ஓடையைக் கடந்தபோது கியர் பெட்டியின் மூச்சுக் குழாய் வழியே தண்ணீர் ஏறியிருக்கலாம். அந்தக் குழாயின் முனையை எஞ்சின் அறையின் மேல்பக்கம்வரை நீட்டிக் கட்ட ஒரு மீட்டர் ரப்பர் ஹோஸும் ஒரு கிளிப்பும் போதும். தண்ணீர் பட்ட கிளட்ச் தட்டின் உராய்வுப் பூச்சு உரிந்துவிடும். அதன்பிறகு எந்த டின்னை ஊற்றினாலும் பயனில்லை. ஆகவே அந்த ஹோஸை, எண்ணெய் வாங்கும் அதே நாளில், அதே கடையில் வாங்கிவிடுங்கள்.