"புதுசா அங்கீகரிச்ச இனம், அதனால பெடிகிரி இல்லை" என்று சொல்பவரிடம் நாய்க்குட்டி வாங்காதீர்கள்

முத்துவுக்கு இப்போது பதினான்கு மாதம். பின்னால் நின்று எவ்வளவு சத்தமாகக் கூப்பிட்டாலும் திரும்ப மாட்டான். தரையில் காலால் ஓங்கித் தட்டினால் அதிர்வு தெரிந்து திரும்புவான். என்னைப் பார்த்ததும் உடம்பு முழுக்க ஆட்டிக்கொண்டு ஓடி வருவான். அவனுக்குப் பிறவியிலேயே இரண்டு காதும் கேட்காது. வலது கண் இடது கண்ணைவிடச் சிறியது, அதில் பார்வையும் குறைவு. அவனை லங்காஷயர் ஹீலர் என்று சொல்லி என்னிடம் விற்றார்கள். அவன் லங்காஷயர் ஹீலரே இல்லை.

இதை எழுதுவது அவனை வாங்கியதற்கு வருந்தி அல்ல. அவன் எங்கள் வீட்டுப் பிள்ளை. ஆனால் அவனைப் பிறக்க வைத்த விதமும், அவனை விற்கச் சொன்ன பொய்யும் இன்னொரு வீட்டிலும் நடக்கக் கூடாது.

லங்காஷயர் ஹீலர் இங்கிலாந்து நாய். மாடுகளின் குதிகாலைச் செல்லமாகக் கடித்து ஓட்டிச் செல்லும் வேலை நாய். குட்டைக் கால், நீண்ட உடம்பு, அதிகபட்சம் முப்பது சென்டிமீட்டர் உயரம். சந்தோஷம் வந்தால் உதட்டைப் பின்னுக்கு இழுத்துச் சிரிப்பது போல முகத்தை வைத்துக்கொள்ளும். 2024-ல் நாய் இனங்களைப் பதிவு செய்யும் அமெரிக்கச் சங்கமான அமெரிக்கன் கென்னல் கிளப் இதற்கு முழு அங்கீகாரம் கொடுத்தது. அந்தச் செய்தியைப் படித்துத்தான் எனக்கு ஆசை வந்தது. தேட ஆரம்பித்த இரண்டாவது வாரத்தில் ஒரு விளம்பரம் கண்ணில் பட்டது: "2024-ல் அங்கீகாரம் பெற்ற புத்தம் புது இனம். அரிய நீல நிறம். கடைசிக் குட்டி."

படத்தில் இருந்த குட்டி முக்கால்வாசி வெள்ளை. முதுகில் சாம்பலும் கறுப்பும் சிதறிய திட்டுகள், கண் இரண்டும் வெளிர் நீலம். பார்த்தவுடன் மனம் கரைந்துவிட்டது. "இது ரேர் கலர் சார், நூத்துல ஒண்ணுதான் இப்படி விழும்" என்று சொல்லி மற்றக் குட்டிகளைவிட ஒன்றரை மடங்கு விலை கேட்டார். கொடுத்தேன்.

பெடிகிரியை, அதாவது அப்பா அம்மா, தாத்தா பாட்டி யார் என்று காட்டும் வம்சாவளிப் பதிவை, கேட்காமல் இல்லை, கேட்டேன். அதற்கு அவர் சொன்ன பதில் இன்னும் அப்படியே காதில் இருக்கிறது. "புதுசா அங்கீகாரம் கொடுத்த இனம் சார். இதுக்கு இன்னும் பெடிகிரி போட ஆரம்பிக்கல. இப்ப வர்ற குட்டிங்கதான் முதல் தலைமுறை."

எனக்கு அது நியாயமாகவே பட்டது. புது இனத்துக்குப் பழைய பதிவு எங்கிருந்து வரும் என்றுதான் நினைத்தேன்.

உண்மை இதற்கு நேர்மாறானது. அங்கீகாரம் புதிது என்றால் இனம் புதிது என்று அர்த்தமில்லை. அந்த ஒரு சங்கத்தின் பட்டியலில் இப்போதுதான் சேர்ந்திருக்கிறது, அவ்வளவுதான். லங்காஷயர் ஹீலரை இங்கிலாந்தின் கென்னல் கிளப் 1981-லேயே அங்கீகரித்துவிட்டது. 2022-ல் அமெரிக்கப் பட்டியலில் நுழைந்த பிராக்கோ இத்தாலியானோ பல நூற்றாண்டு பழமையான வேட்டை நாய். அதே ஆண்டு நுழைந்த முடி என்ற ஹங்கேரிய மேய்ச்சல் நாய்க்கு அந்தப் பெயரே 1930-களில் வைத்தது. (இது தலைமுடி இல்லை, அதன் பெயரே அப்படித்தான்.) அமெரிக்கச் சங்கத்தில் ஓர் இனம் முதலில் அடிப்படைப் பதிவேட்டில் இருக்க வேண்டும், பிறகு ஓர் இடைநிலைப் பிரிவில் சில ஆண்டுகள் காத்திருக்க வேண்டும். மூன்று தலைமுறைப் பெடிகிரி உள்ள நாய்கள் முந்நூறு நானூறாவது அந்த நாட்டில் பரவலாக இருந்தால்தான் முழு அங்கீகாரம். எஃப்சிஐ என்ற உலக நாய்ச் சங்கங்களின் அமைப்பும் முதலில் தற்காலிகமாகத்தான் ஏற்கும். நிரந்தர அங்கீகாரத்துக்குக் குறைந்தது பத்து ஆண்டு போக வேண்டும்.

அதாவது பெடிகிரி சேர்ந்த பிறகுதான் அங்கீகாரமே வருகிறது. அங்கீகாரம் வந்துவிட்டது, பெடிகிரி இன்னும் வரவில்லை என்று ஒருவர் சொன்னால் அது நடக்கவே முடியாத விஷயம். அன்று இந்த ஒரு வரி எனக்குத் தெரிந்திருந்தால் போனை அங்கேயே வைத்திருப்பேன்.

குட்டியோடு ஒரு சான்றிதழ் கொடுத்தார். கெட்டித் தாள், தங்க நிற முத்திரை, "சர்வதேச" என்று தொடங்கும் ஒரு பெரிய சங்கப் பெயர். அப்பா பெயரும் அம்மா பெயரும் இருந்தன. தாத்தா பாட்டிக்கான நான்கு கட்டங்களிலும் ஒரே வார்த்தை: "பதிவில் உள்ளது". கீழே பதினைந்து இலக்க மைக்ரோசிப் எண், அதாவது தோலுக்கு அடியில் வைக்கும் அடையாளச் சிப்பின் எண். முதல் தடுப்பூசிக்குப் போனபோது டாக்டர் ஸ்கேனரைக் கழுத்தில் வைத்தார், தோளில் வைத்தார், முன்னங்கால் வரைக்கும் இறக்கிப் பார்த்தார். ஒரு 'பீப்' கூட வரவில்லை. சிப்பே இல்லை.

அப்போதுதான் டாக்டர் இன்னொன்று செய்தார். முத்து மேசையில் என் பக்கம் பார்த்து உட்கார்ந்திருந்தான். அவர் பின்னால் போய் ஸ்டீல் தட்டை இன்னொரு தட்டில் ஓங்கி அடித்தார். நான் துள்ளிவிட்டேன். முத்துவின் காதுமடல் கூட அசையவில்லை, என் சட்டைப் பித்தானை நக்கிக்கொண்டிருந்தான்.

பெரிய மருத்துவமனையில் பேர் (BAER) டெஸ்ட் என்ற செவித்திறன் சோதனை எடுத்தோம். தலைத் தோலுக்கு அடியில் மெல்லிய ஊசி மின்முனைகளைச் செருகி, காதுக்குள் 'டிக் டிக்' என்று ஒலி கொடுத்து, மூளை அதற்குப் பதில் தருகிறதா என்று பார்ப்பார்கள். கேட்கும் காதுக்குத் திரையில் அலை அலையாக எழும். முத்துவின் இரண்டு கோடுகளும் தட்டையாகவே ஓடின.

காரணம் அவனுடைய "அரிய நிறம்"தான். திட்டுத் திட்டாக நிறம் வெளுக்கிற இந்த மாதிரிக்கு மெர்ல் என்று பெயர். அதைத் தரும் மரபணு அப்பாவிடமிருந்தோ அம்மாவிடமிருந்தோ ஒன்று வந்தால் அழகான திட்டுகள். இரண்டு பேரிடமிருந்தும் வந்தால் நிறமிச் செல்கள் பல இடங்களில் இல்லாமலே போய்விடும். உட்காதிலும் அந்தச் செல்கள் தேவை. அவை இல்லாவிட்டால் காது கேட்காமல் போகலாம், கண்ணும் சரியாக வளராமல் போகலாம். மெர்ல் நாயை மெர்ல் நாயோடு சேர்த்தால் சராசரியாக நாலில் ஒரு குட்டிக்கு இந்த இரட்டை மெர்ல் வரும். விவரம் தெரிந்த வளர்ப்பாளர்கள் இப்படிச் சேர்க்கவே மாட்டார்கள். எனக்கு விற்றவர் சேர்த்தார், அதில் பிறந்த ஊனத்துக்கு அதிக விலையும் வைத்தார்.

லங்காஷயர் ஹீலரில் மெர்ல் என்ற நிறமே கிடையாது. கறுப்பும் பழுப்புமாக இருக்கும், இல்லாவிட்டால் கல்லீரல் நிறமும் பழுப்புமாக இருக்கும். மூன்றாவது நிறம் இல்லை. முத்துவின் படத்தை அந்த இனத்தைப் பல வருடம் வளர்த்த ஒருவருக்கு அனுப்பினேன். இரண்டே வரியில் பதில் வந்தது: இது ஹீலர் இல்லை, குட்டியின் காதைப் பரிசோதியுங்கள். படத்தைப் பார்த்தே காதைச் சொல்லிவிட்டார். டிஎன்ஏ பரிசோதனையில் முக்கியமாக கார்டிகன் வெல்ஷ் கோர்கியும் டாஷ்ஹண்டும் வந்தன. இரண்டுமே குட்டைக் கால், நீண்ட உடம்பு. இரண்டிலும் மெர்ல் உண்டு. ஹீலரை நேரில் பார்த்திராத என்னைப் போன்றவரை ஏமாற்ற அது போதும்.

புது அங்கீகார இனங்களில் இந்த மோசடி எளிதாக நடப்பதே இதனால்தான். லாப்ரடார் என்று சொல்லி வேறு எதையாவது கொடுத்தால் தெருவில் போகிறவர்கூடக் கண்டுபிடித்துவிடுவார். ஹீலரையோ முடியையோ யார் பார்த்திருக்கிறார்கள்? அந்த அறியாமையைத்தான் விற்கிறார்கள். இன்னொரு கணக்கையும் நான் அப்போதே போட்டிருக்க வேண்டும். சொந்த நாட்டிலேயே லங்காஷயர் ஹீலர் அருகிவரும் இனங்களின் பட்டியலில் இருக்கிறது. ஆண்டுக்கு முந்நூறு குட்டிகளுக்குக் குறைவாகப் பதிவாகும் இனங்கள்தான் அந்தப் பட்டியலில் வரும். அப்படியிருக்க, இவர் கையில் மட்டும் எப்போதும் இரண்டு ஈத்துக் குட்டிகள் தயாராக இருந்தது எப்படி?

விற்றவரிடம் பேசினேன். முதல் நாள், "குட்டிதானே சார், வளர வளரக் கேட்கும்" என்றார். சோதனை முடிவை அனுப்பியதும், "திருப்பிக் கொடுங்க, வேற குட்டி தர்றேன்" என்றார். திருப்பிக் கொடுத்தால் முத்து என்ன ஆவான் என்று கேட்டேன். "அது எங்க பொறுப்பு" என்றார். அதற்குப் பிறகு நான் அவனைக் கொடுக்கவில்லை. பணமும் திரும்பவில்லை. ரசீதையும் சான்றிதழையும் சோதனை முடிவுகளையும் சேர்த்து நுகர்வோர் புகார் கொடுத்திருக்கிறேன், நடந்துகொண்டிருக்கிறது.

நீங்கள் அப்படி ஓர் இனத்தைத் தேடுகிறீர்கள் என்றால், முதலில் அதன் இனத் தர விவரணையை முழுதாகப் படியுங்கள். உயரம், முடி, அனுமதித்த நிறம் எல்லாம் அதில் இருக்கும். "அரிய நிறம்" என்று ஒருவர் சொல்லும் நிறம் பெரும்பாலும் அதில் இருக்காது. பதிவு எண்ணைக் கொடுத்த சங்கத்திடமே எழுதிக் கேளுங்கள், விற்பவர் தரும் போன் எண்ணில் கேட்காதீர்கள். அப்பா அம்மா நாய்களின் மரபணுச் சோதனை முடிவைக் கேளுங்கள். ஹீலர் என்றால் கண்ணின் லென்ஸ் இடம் நழுவும் பிஎல்எல் நோய்க்கான சோதனை கட்டாயம் வேண்டும், அது கண் பார்வையையே பறித்துவிடும். கோய்க்கர்ஹோன்ட்யே என்ற டச்சு நாய் என்றால் ரத்தம் உறையாத வான் வில்லிபிராண்ட் நோய்க்கான சோதனை. எந்தச் சோதனை என்று கேட்டதும் விற்பவர் தடுமாறினால் கிளம்பிவிடுங்கள். சிப் ஸ்கேன் உங்கள் கண் முன்னால் நடக்கட்டும். அப்புறம், சான்றிதழ் உண்மையாகவே இருந்தாலும் அது பெற்றோர் யார் என்று மட்டும்தான் சொல்லும். குட்டி ஆரோக்கியமா என்பதை டாக்டர்தான் சொல்ல முடியும்.

போன வாரம் அதே ஆள் புது விளம்பரம் போட்டிருக்கிறார். இந்த முறை டேனிஷ்-ஸ்வீடிஷ் ஃபார்ம்டாக், "2025-ல் அங்கீகாரம் பெற்ற புத்தம் புது இனம்". டென்மார்க்கும் ஸ்வீடனும் அதை 1987-லேயே அங்கீகரித்துவிட்டன. அதன் முடி குட்டையாக, உடம்போடு ஒட்டி வழவழப்பாக இருக்கும். படத்தில் இருக்கும் குட்டிகளுக்குக் காதோரம் பஞ்சு மாதிரி நீள முடி தொங்குகிறது.

முத்துவோடு பிறந்தவை இன்னும் மூன்று. தங்க முத்திரையும் "பதிவில் உள்ளது" என்று நான்கு கட்டங்களும் உள்ள தாள் யாரிடமாவது இருந்தால், தாளை விட்டுவிடுங்கள், முதலில் குட்டியின் காதையும் கண்ணையும் சோதியுங்கள். கேட்காது என்று தெரிந்தாலும் பயப்படாதீர்கள். முத்து இப்போது பதினொரு கைச்சாடை கற்றிருக்கிறான். கட்டைவிரலை உயர்த்தினால் 'சபாஷ்' என்று அவனுக்குத் தெரியும். கயிறு இல்லாமல் வெளியே விடுவதில்லை, தூங்கும்போது தொட்டு எழுப்புவதில்லை, மூக்கருகே கையை நீட்டி வாசனை காட்டித்தான் எழுப்புகிறோம்.