ஆல்ட்டரேஷனா, ஆர்டர் தையலா, சொந்தச் சரக்கா?

தையல் வகுப்பை முடித்த ஒருவருக்கு நேராகத் தையல் ஓட்டத் தெரியும், காலர் திருப்பத் தெரியும், ஜிப் வைக்கத் தெரியும் என்று வைத்துக்கொள்வோம். வீட்டில் ஒரு சாதாரண மெஷின் இருக்கிறது. இதைக் கொண்டு சம்பாதிக்க அவருக்கு மூன்று வழிகள் உண்டு. பிறருடைய உடுப்புகளைத் திருத்திக் கொடுக்கலாம். அளவெடுத்துப் புதிதாகத் தைத்துக் கொடுக்கலாம். பை, ஏப்ரன், குழந்தைகள் கவுன் என்று ஏதாவது ஒன்றை நிறையத் தைத்து வைத்து விற்கலாம். கனவெல்லாம் மூன்றாவதன் மேல், மரியாதை இரண்டாவதற்கு. முதலாவதை 'ஒட்டுப் போடுகிற வேலை' என்று ஒதுக்கிவிடுகிறார்கள். முதல் ஓராண்டு வருமானத்தைப் பார்த்தால் இந்த வரிசையைத் தலைகீழாக்க வேண்டும் என்பது என் கட்சி.

முதலீட்டிலிருந்து தொடங்கலாம். ஆல்ட்டரேஷனுக்கு மெஷின், இஸ்திரிப் பெட்டி, தையல் பிரிக்கும் கருவி, சில எண்களில் ஊசிகள், பத்துப் பன்னிரண்டு நிறங்களில் நூல் போதும். துணி வாங்க வேண்டியதில்லை. ஆர்டர் தையலிலும் துணி வாடிக்கையாளருடையதுதான். ஆனால் வெட்டுவதற்குப் பெரிய மேசை வேண்டும். லைனிங், காலரை விறைப்பாக்கும் கேன்வாஸ், பட்டன் கையிருப்பு வேண்டும். கொஞ்ச நாளில், வெட்டிய விளிம்பு பிரியாமல் சுற்றித் தைக்கும் ஓவர்லாக் மெஷினும் இல்லாமல் முடியாது. சொந்தச் சரக்கில் முதல் பொருள் விற்பதற்கு முன்பே பணம் முழுவதும் துணியாக மாறி அலமாரியில் உட்கார்ந்துவிடும்.

அடுத்தது, முதல் காசு கைக்கு வர எவ்வளவு திறமை தேவை என்பது. பேன்ட் நீளம் குறைப்பதை ஒரு வாரப் பயிற்சியில் கூலிக்குச் செய்யலாம். அதற்கு மேல் படிகள் இருக்கின்றன: ஜிப் மாற்றுவது, இடுப்பைப் பிடிப்பது, அதாவது சுருக்குவது, கை நீளம் குறைப்பது. தோள்பட்டையைச் சுருக்குவது கடைசிப் படி. கையைக் கழற்றி, அக்குள் வளைவைத் திரும்ப வெட்டி, கையை மறுபடி பொருத்த வேண்டியிருப்பதால் புதியவர்கள் அதை ஏற்காமல் இருப்பதே நல்லது. பிடிப்பதைவிடப் பெரிதாக்குவது சிக்கல் என்பதும் போகப்போகத் தெரியும். கடைச் சட்டையின் உள்ளே விடுபட்ட துணி பெரும்பாலும் ஒரு சென்டிமீட்டர்தான். பிரித்து விட்டாலும் பழைய ஊசித் துளைகளும் மங்காத பட்டையும் வெளியே தெரியும். முறையாகத் தைத்த ஆண்கள் கால்சட்டையில் மட்டும் பின்பக்க நடுத் தையலில் கொஞ்சம் தாராளமாகத் துணி விட்டிருப்பார்கள்.

ஜீன்ஸ் தனிக்கதை. விளிம்பை மடிக்கும்போது பக்கத் தையல் வரும் இடத்தில் துணி பல அடுக்காகத் திரண்டு நிற்கும். 90 எண் ஊசி அங்கே உடையலாம். 100 எண் வேண்டும், அதாவது தண்டு 1 மில்லிமீட்டர் பருமன் உள்ள ஊசி. அந்தத் திரட்டைச் சுத்தியலால் தட்டி அமுக்கிவிட்டு, அழுத்தும் பாதத்தின் பின்னால் மடித்த துணித்துண்டு ஒன்றை வைத்துப் பாதத்தைச் சமநிலைக்குக் கொண்டுவந்தால் மெஷின் திணறாமல் ஏறும். இப்படிப்பட்ட நுணுக்கங்கள் புதுத் துணி தைத்துப் பழகுகிறவருக்கு மெதுவாகத்தான் வரும். திருத்த வேலையிலோ வாரத்துக்கு நாலு உடுப்புகளின் உள்பக்கத்தைப் பிரித்துப் பார்க்கிறோம். எந்த ஆலை எப்படித் தைத்தது, எங்கே சிக்கனம் பிடித்தது, எந்த இடம் முதலில் கிழிகிறது என்று கண்ணால் பார்க்கிற படிப்பு அது. அதற்குக் கூலியும் கிடைக்கிறது.

கிழியும் இடத்தைக் கவனித்த தையற்காரருக்கு அது எவ்வளவு பெரிய சொத்தாக முடியும் என்பதற்கு ஜேக்கப் டேவிஸ் சாட்சி. அமெரிக்காவின் ரீனோ நகரத் தையற்காரர். உழைப்பாளி ஒருவருடைய மனைவி, கணவருக்குச் சீக்கிரம் பிய்ந்துபோகாத கால்சட்டை வேண்டும் என்று கேட்டார். பை மூலைகளில் இழுவை விழும் இடங்களில் டேவிஸ் துணியை இறுக்கிப் பிடிக்கும் செப்பு ரிவெட் ஆணிகளை அடித்துக் கொடுத்தார். துணி சப்ளை செய்த லீவாய் ஸ்ட்ராஸைக் கூட்டாளியாகச் சேர்த்துக்கொண்டு 1873ஆம் ஆண்டு மே 20 அன்று அதற்குக் காப்புரிமையும் பெற்றார்.

இனி ஆர்டர் தையல். ஓர் உருப்படிக்குக் கிடைக்கும் கூலி மூன்று வழிகளிலும் இதில்தான் அதிகம். ஏமாற்றமும் இதில்தான் அதிகம், காரணம் கணக்கில் வராத நேரம். சட்டை தைக்க நான்கு மணி நேரம் என்று கணக்கிட்டு விலை சொல்கிறோம். அளவெடுப்பு, மாதிரிப் படத்தைப் பார்த்துப் பேசுவது, போட்டுப் பார்க்க வரச் சொல்வது, வந்த பிறகு கழுத்தைச் சற்று இறக்குவது, இரண்டாம் முறை வரச் சொல்வது என்று இன்னும் இரண்டு மணி நேரம் கூலியில்லாமல் போகும். உடம்பு என்பது டேப் காட்டும் எண்களுக்குள் அடங்குவதில்லை. ஒரு தோள் மற்றதைவிடத் தாழ்ந்திருக்கும், முதுகு வளைந்திருக்கும். மார்பளவு ஒன்றேயான இரண்டு பேருக்கு ஒரே வெட்டு பொருந்தாது. துணி வீணானால் அதே துணியைத் தேடி வாங்கித் தர வேண்டும், அது கிடைக்காமலும் போகலாம். பருத்தியை வெட்டுமுன் நனைத்துக் காயவைக்காமல் விட்டு, முதல் சலவையில் சட்டை சுருங்கினால் பழி தையற்காரர் மேல்தான்.

ஆனாலும் ஆர்டர் தையலில் ஒரு மறைமுகச் சேமிப்பு இருக்கிறது. ஒருவருக்கு ஒருமுறை சரியாகப் பொருந்திய வெட்டை அட்டையில் வரைந்து பெயரெழுதி மாட்டி வைத்தால், அவருடைய இரண்டாவது சட்டைக்கு அளவெடுப்பும் ஃபிட்டிங்கும் ஏறக்குறைய இல்லை. விலை அதே, நேரம் குறைவு. ஆர்டர் தையலில் காசு வருவது மூன்றாவது, நான்காவது உடுப்பில்தான். முதல் சட்டையோடு போய்விடும் வாடிக்கையாளர்கள் நிறையப் பேர் என்றால் அது நஷ்டத் தொழில்.

சொந்தச் சரக்கின் வசீகரம் எனக்கும் புரிகிறது. 'தைத்தாயிற்றா' என்று கேட்டு யாரும் வாசலில் நிற்க மாட்டார்கள். இருபது பைகளை அடுக்கி ஒன்றாக வெட்டி, எல்லாவற்றுக்கும் பக்கத் தையல், பிறகு எல்லாவற்றுக்கும் கைப்பிடி என்று போனால் நூல்கூட மாற்ற வேண்டாம். ஐந்தாவது பைக்கு மேல் கை தானாக ஓடும். வேகத்தைக் கற்றுத் தருவதில் இதற்கு இணையில்லை. ஆனால் எதிரே நிற்பது ஆலை. வீட்டு மெஷின் நிமிடத்துக்கு 1,000 தையல் தொடுவதே அபூர்வம். ஆலையின் நேர்த்தையல் மெஷின் 5,000 வரை ஓடும். விலையில் அதோடு மோதுவது வீண்.

உடுப்பு என்றால் சைஸ் வேறு. ஐந்து சைஸ், மூன்று நிறம் என்றால் பதினைந்து வகை. ஒவ்வொன்றிலும் இரண்டு வைத்தாலே முப்பது உருப்படி. நடு சைஸ்கள் விற்றுத் தீர, ஓரத்து சைஸ்கள் தங்கிவிடும். அமெரிக்கத் தையற்காரர் எபனேசர் பட்டரிக் 1863இல் துணி வெட்ட உதவும் காகித மாதிரிகளைச் சைஸ்வாரியாக விற்கத் தொடங்கியபோது அவருக்குத் தேங்கியது வெறும் காகிதம். நமக்குத் தேங்குவது துணியும் உழைப்பும். ஆகவே இந்த வழிதான் என்று முடிவெடுத்தவர்கள் சைஸே இல்லாத பொருளோடு தொடங்குவது உசிதம். படம் எடுப்பது, பொதி கட்டுவது, திரும்பி வந்ததை வாங்கிக்கொள்வது எல்லாம் தையலோடு தொடர்பில்லாத வேறு வேலை. அதில் விருப்பமில்லாதவர்கள் இந்தப் பக்கம் வராதிருக்கலாம்.

ஆல்ட்டரேஷனுக்கும் ஒரு கூரை உண்டு. மலிவான சட்டையைத் திருத்த அந்தச் சட்டையின் விலையை யாரும் தர மாட்டார்கள். 'சின்ன வேலைதானே' என்று பேரம் பேசுவார்கள். தையல் ஓடும் நேரம் ஐந்து நிமிடம்தான். பிரிப்பதும் குறிப்பதும் இஸ்திரி போடுவதும் அரைமணி எடுக்கும் என்பது வெளியே தெரியாது. எனவே எந்த வேலையானாலும் இதற்குக் குறைந்து இல்லை என்று ஓர் அடிப்படைக் கூலி வைத்து, அதை எழுதி மாட்டிவிட வேண்டும். கோட், திருமண உடை, தாயார் விட்டுச்சென்ற உடுப்பு போன்றவற்றில் இந்தக் கூரை விலகிவிடும். அவற்றைக் கொண்டுவருகிறவர்கள் விலையைவிடக் கையைத்தான் பார்க்கிறார்கள்.

பகலில் வேறு வேலைக்குப் போய் இரவில் மட்டும் தைக்க முடிகிறவர்களுக்கு மட்டும் என் வரிசை பொருந்தாது. வாடிக்கையாளரைச் சந்திக்க நேரமில்லாத அவர்களுக்குச் சரக்கு தைப்பதே வசதி, பள்ளியோ கடையோ முன்பணம் கொடுத்து ஆர்டர் தந்தால் இன்னும் நல்லது. மற்றவர்கள் திருத்த வேலையில் தொடங்கி, திரும்பத் திரும்ப வருகிறவர்களிடமிருந்து மட்டும் புதுத் துணி ஆர்டர் எடுக்கலாம். அவர்கள் தோளின் சாய்வும் இடுப்பின் பிடிப்பும் ஏற்கெனவே கைக்குப் பழகியிருக்கும். முதல் சட்டையிலேயே ஃபிட்டிங் ஒருமுறையோடு முடியும்.