பழைய டாடா 207 பிக்கப்புக்குப் பின்பக்கப் பட்டை வேலை: மதுரைப் பட்டை கடைகளை நம்பி விடலாமா?

பட்டை என்று இங்கே சொல்வது வண்டியின் பாரம் தாங்கும் லீஃப் ஸ்பிரிங்கை. மதிப்பெண்ணை முதலிலேயே சொல்லிவிடலாம். மதுரையிலிருந்து கிளம்பும் பெரிய ரோடுகளின் ஓரமாக இருக்கும் பட்டை கடைகளுக்கு, பட்டை அடிக்கும் வேலைக்குப் பத்துக்கு எட்டு. அடித்த பட்டையைத் திரும்ப வண்டியில் மாட்டும் வேலைக்குப் பத்துக்கு நாலு. இந்த நாலை ஏழாக்குவது வண்டிக்காரர் பக்கத்தில் நிற்பதைப் பொறுத்தது.

1988-இல் வந்த டாடாமொபைல் 206, அதன் பின்னால் வந்த 207, மஹிந்திராவின் ஜீப் வகைப் பழைய பிக்கப் எல்லாவற்றுக்கும் பின்னால் பல பட்டைகளை அடுக்கிய பட்டைக் கட்டுதான். எல்லாருக்கும் குறையும் ஒன்றுதான்: காலி வண்டியில் வேகத்தடை ஏறினால் பின்பக்கம் தூக்கி அடிக்கிறது. உடனே "பட்டை ஜாஸ்தி, ஒண்ணைக் கழட்டிடு" என்று ஆளுக்கு ஆள் யோசனை சொல்வார்கள். பல வண்டிகளில் கோளாறு அங்கே இல்லை.

பட்டை தொய்ந்த வண்டிதான் அதிகமாகக் குதிக்கும். கட்டின் அடியில் இருக்கும் தடித்த, தட்டையான ஹெல்பர் பட்டை சுமை ஏறிய பிறகுதான் மேல் பட்டையைத் தொட வேண்டும். மேலே உள்ள பட்டைகள் தொய்ந்துவிட்டால் காலி வண்டியிலேயே அது ஒட்டிக்கொண்டு வேலை செய்ய ஆரம்பித்துவிடும். போதாக்குறைக்கு பின் அச்சான ஹவுசிங்குக்கும் அது சட்டத்தில் இடிக்காமல் தடுக்கும் பம்ப் ஸ்டாப் ரப்பருக்கும் நடுவே உள்ள இடைவெளியும் சுருங்கிவிடும். சின்னப் பள்ளத்துக்கே ரப்பர் போய் இடிக்கும். அந்த இடியைத்தான் "பட்டை ஹார்டா இருக்கு" என்கிறோம். இன்னொரு காரணம் துரு. பட்டைகள் ஒன்றன்மேல் ஒன்று வழுக்கினால்தான் கட்டு வளையும். துரு பிடித்து இறுகினால் எல்லாப் பட்டையும் சேர்ந்து ஒரே இரும்புத் துண்டாகிவிடும்.

அதனால் கடைக்குப் போகுமுன் வீட்டு வாசலில் பார்க்க வேண்டியவை சில. டயரில் சுமைக்கு ஏற்றிய காற்றோடு காலி வண்டி ஓட்டினால் எந்தப் பட்டை வேலையும் பலன் தராது. காலி ஓட்டத்துக்குக் கம்பெனி சொன்ன அளவுக்கு இறக்குங்கள். சமதளத்தில் நிறுத்தி, பின் சக்கரத்தின் நடுவிலிருந்து மட்கார்டு விளிம்பு வரை இரண்டு பக்கமும் டேப் வைத்து அளந்து எழுதிக்கொள்ளுங்கள். பட்டையின் பின்முனையைச் சட்டத்தோடு இணைத்து ஆடும் ஷேக்கிள் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்று ஒரு போட்டோ. முடிந்தால் வே பிரிட்ஜில் பின் சக்கரங்களை மட்டும் ஏற்றி, காலியாகவும் வழக்கமான சுமையோடும் இரண்டு எடை போட்டு வையுங்கள். எத்தனை பட்டை வேண்டும் என்ற வாக்குவாதத்தை அந்த இரண்டு சீட்டும் முடித்துவிடும். சோழவந்தான் வெற்றிலைக் கட்டும் உசிலம்பட்டி மல்லிகையும் ஏற்றும் வண்டிக்கும், மேலூர்ப் பக்கம் கல் ஏற்றும் வண்டிக்கும் ஒரே கட்டு பொருந்தாது.

கடையில் காதில் விழும் முதல் வசனம்: "அண்ணே, ஒரு பட்டை கூடப் போட்டுடுவோம், வண்டி கல்லு மாதிரி நிக்கும்." நிற்கும், உண்மைதான். ஓடும்போதும் அது கல்லுதான். அவர்கள் கை லாரி வேலையே பார்த்துப் பழகியது. அங்கே சுமைதான் கணக்கு, சொகுசு இல்லை. "சுமை இவ்வளவுதான், காலியில் ஆட்டம் குறையணும்" என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

புதுப் பட்டை போட வேண்டி வந்தால் எண்ணிக்கையைவிடக் கனத்தைப் பாருங்கள். பட்டையின் விறைப்பு கனத்தின் மும்மடிப் பெருக்கத்தில் ஏறும். 8 மி.மீ. பட்டைக்குப் பதில் 10 மி.மீ. போட்டால் அந்த ஒரு பட்டையின் விறைப்பு ஏறக்குறைய இரண்டு மடங்கு. 7 மி.மீ. போட்டால் மூன்றில் ஒரு பங்கு குறையும். "ரெண்டு மி.மீ.தானே" என்று கையில் கிடைத்த லாரிப் பட்டையை வெட்டிச் சேர்ப்பதுதான் கட்டைக் கெடுக்கும் முதல் வேலை. கனம் அளக்கும் வெர்னியர் எடுத்துப் போங்கள். கிலோ கணக்கில் விலை பேசும் இடத்தில் எடையும் சரிபார்க்கலாம்: 60 மி.மீ. அகலம், 8 மி.மீ. கனம், 120 செ.மீ. நீளம் உள்ள பட்டை சுமார் நாலரை கிலோ.

வளைவு ஏற்றும் வேலையில் இங்குள்ள மேஸ்திரிகளை மெச்சத்தான் வேண்டும். இடைவெளி விட்ட கட்டையில் பட்டையை வைத்து, சூடு காட்டாமல், விரற்கடை விரற்கடையாக நகர்த்தி அடிக்கிறார்கள். பக்கத்துப் பட்டையோடு வைத்து வெளிச்சத்தில் இடைவெளி பார்த்து மறுபடி ஒரு அடி. அச்சு இல்லாமல் கண்ணளவிலேயே இரண்டு பக்கக் கட்டும் ஒரே வளைவுக்கு வந்துவிடுகிறது. கவலை ஒன்றுதான். அடி விழுவது குழிந்த மேல்பக்கத்தில். சுமை ஏறும்போது இழுபடுவதும் அதே பக்கம். கூர்மையான சுத்தியல் தடம் விழுந்தால் விரிசல் அங்கிருந்துதான் கிளம்பும். தடம் ஆழமாகத் தெரிந்தால் கிரைண்டரில் நீளவாக்கில் தேய்த்துத் தரச் சொல்லுங்கள். குறுக்காகத் தேய்த்தால் அதுவே இன்னொரு விரிசலுக்கு வழி. கேஸ் வைத்துப் பட்டையைச் சிவக்கக் காய்ச்சி வளைக்கும் கடையாக இருந்தால் வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்துவிடலாம். எண்ணெயில் முக்கி எடுத்து ஏற்றிய பதம் அத்தோடு போச்சு.

வளைவை ஆசைக்கு ஏற்றிவிடவும் கூடாது. வளைவு கூடினால் மெயின் பட்டையின் இரு முனையிலும் உள்ள துளைகளான கண்களுக்கு நடுவே உள்ள தூரம் குறையும். பின்பக்க ஷேக்கிளின் கீழ்முனை முன்னால் வந்து நேர்குத்தாக நிற்கும். பள்ளத்தில் பட்டை நீள வேண்டிய நேரத்தில் ஷேக்கிள் வழிவிடாது. காலி வண்டியில் ஷேக்கிளின் கீழ்முனை கொஞ்சம் பின்னால் சாய்ந்திருப்பதே சரி. பின்பக்கம் அதிகம் தூக்கினால் பின் சக்கரத்துக்கு ஓட்டம் கொண்டுபோகும் ஷாஃப்ட்டின் மூட்டான கிராஸின் கோணமும் மாறி, ஓட்டத்தில் அதிர்வு வரும். பின் பிரேக்குக்குச் சுமை பார்த்து அழுத்தம் மாற்றும் வால்வு உள்ள வண்டியாக இருந்தால், உயரம் கூடியதை அது "சுமை இல்லை" என்று எடுத்துக்கொண்டு பின் பிரேக்கைக் குறைத்துவிடும். வால்வுக் கம்பியைத் திரும்ப அளவு வைக்கிறார்களா என்று நின்று பாருங்கள்.

பட்டை கழற்றியே ஆக வேண்டும் என்றால் கண்கள் உள்ள மெயின் பட்டையையும் அதை ஒட்டிய இரண்டாவதையும் தொடாதீர்கள். நீளம் படிப்படியாக இறங்குவது அறுபடாமல் ஒன்றை எடுத்துவிட்டு, அந்தக் கனத்துக்கு ஒரு சின்னத் துண்டு வைத்துக் கட்டச் சொல்லுங்கள். ஹெல்பரை மட்டும் கழற்றினால் காலி ஓட்டத்தில் எந்த மாற்றமும் தெரியாது, அது ஒழுங்காக விலகி நிற்கும் வண்டியில். சுமை ஏற்றும் நாளில் மட்டும் நன்றாகவே தெரியும்.

கட்டு பிரிந்து கிடக்கும்போது ஒவ்வொரு பட்டையின் அடியையும் பாருங்கள். கீழ்ப் பட்டையின் நுனி குத்திக் குத்தி மேல் பட்டையில் பள்ளம் விழுந்திருக்கும். நுனிகளை மழுங்கத் தேய்த்து, துருவைக் கம்பி பிரஷ்ஷில் எடுத்து, கிராஃபைட் கிரீஸ் தடவினால் ஓட்டத்தில் தெரியும் வித்தியாசம் ஒரு பட்டை கழற்றியதற்குச் சமம். நுனியில் கெட்டியான நைலான் வகைத் துண்டு வைப்பது அதைவிட நல்லது. பழைய டயர் ரப்பரைச் சொருகும் வழக்கத்தைத் தடுத்துவிடுங்கள். அது தண்ணீரைப் பிடித்து வைத்து அடுத்த மழைக்கே துருவை வரவழைக்கும். பட்டைகளைச் சேர்த்துப் பிடிக்கும் நுனிக் கிளிப்புகள் இல்லாமல் கட்டை ஏற்ற விடாதீர்கள். வண்டி துள்ளி இறங்கும்போது மொத்த அடியும் மெயின் பட்டைக்குத்தான் போகும்.

இனி நாலு மதிப்பெண் சமாசாரம், திரும்ப மாட்டும் வேலை. பட்டைக் கட்டை ஹவுசிங்கோடு சேர்த்துப் பிடிக்கும் யூ போல்ட்டைப் பழையதாகவே போடுவார்கள். மறை நீண்டுபோன போல்ட் இறுக்கம் தாங்காது. பட்டைகளின் நடுத்துளையில் போகும் சென்டர் போல்ட் இடம் காட்டத்தான், பிடித்து வைப்பது யூ போல்ட். அது தளர்ந்தால் சென்டர் போல்ட் அறுந்து, ஹவுசிங் நகர்ந்து, வண்டி கோணலாக ஓடும். இரண்டும் புதிதாக வாங்கிக் கொடுங்கள், நாலு நட்டையும் குறுக்குமறுக்காக இறுக்கச் சொல்லுங்கள். பட்டையின் கண்ணுக்குள் ரப்பர் புஷ் (உறை) உள்ள வண்டியென்றால் கண் போல்ட்டை ஜாக்கியில் தொங்கும்போது முழுக்க இறுக்கவே கூடாது. சக்கரம் தரையில் இறங்கி, வண்டி தன் எடையில் நின்ற பிறகுதான். தொங்கலில் இறுக்கினால் ரப்பர் முறுக்கியபடியே நின்று, விறைப்பாக ஓடி, சீக்கிரமே கிழியும். கடைகள் பெரும்பாலும் சறுக்குவது இந்த இடத்தில்தான். ரப்பர் புஷ்ஷுக்குச் சாதாரண கிரீஸும் வேண்டாம், உப்பிவிடும். கன்மெட்டல் என்ற உலோகப் புஷ்ஷும் கிரீஸ் ஏற்றும் நிப்பிளும் உள்ள வண்டிக்குக் கிரீஸ் ஓரத்தில் பிதுங்கும்வரை அடிக்கலாம்.

ஷாக் அப்சார்பர் பட்டை கடை வேலை இல்லை, தனியாகப் பார்க்க வேண்டும். பட்டை இளகிய பிறகு செத்த ஷாக்கோடு ஓட்டினால் குத்தல் போய் ஆட்டம் வரும். எண்ணெய் கசிந்திருந்தால் ஜோடியாக மாற்றுங்கள்.

வேலை முடிந்ததும் அதே டேப்பால் அளந்து பாருங்கள். இரண்டு பக்கமும் 10 மி.மீ.-க்குள் ஒத்து வர வேண்டும். புதிதாக ஏற்றிய வளைவு முதல் ஓட்டங்களில் கொஞ்சம் இறங்கும். 500 கி.மீ. ஓடியதும், வழக்கமான சுமையோடு திரும்பப் போய் யூ போல்ட்டை இறுக்கி வாருங்கள். எட்டு வருஷம் தாண்டிய சரக்கு வண்டி வருடாவருடம் எஃப்.சி. எனும் தகுதிச் சான்றுக்குப் போக வேண்டும். தளர்ந்த யூ போல்ட்டை அங்கே போய்க் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. பின்பக்கம் உயர்ந்திருந்தால் ஹெட்லைட் வெளிச்சம் ரோட்டில் கிட்டத்தில் விழும். இரவு ஓட்டத்துக்கு முன் அதையும் ஒரு சுவர் எதிரே நிறுத்திச் சரி செய்துகொள்ளுங்கள்.