சாலையா, வீடா, அடைக்கலமா? பியூட் கவுன்டியின் பாதுகாப்புத் திட்டத்தில் எதற்கு முதலிடம்

கலிஃபோர்னியாவில் ஒவ்வொரு கவுன்டியும் (நம் மாவட்டம் மாதிரி) ஒரு பொதுத்திட்டம் வைத்திருக்க வேண்டும் என்பது மாநிலச் சட்டம். எங்கே வீடு கட்டலாம், எங்கே கூடாது, சாலை எந்தப் பக்கம் போகும், தண்ணீர், கழிவுநீர், தீயணைப்பு நிலையம் எல்லாம் அடுத்த இருபது ஆண்டுக்கு எப்படி இருக்கப்போகிறது என்று எழுதி வைக்கிற ஆவணம் அது. அதில் பாதுகாப்புக்குத் தனி அத்தியாயம் கட்டாயம், அதையும் எட்டு ஆண்டுக்கு ஒருமுறையாவது திருத்தியாக வேண்டும் என்று 2018இல் சட்டம் வந்தது. உள்ளூர்க்காரர்கள்கூட இதைப் புரட்டிப் பார்ப்பதில்லை என்பது எனக்கு உண்மையாகவே வருத்தம், ஏனென்றால் ஓர் ஊர் எரியும்போது யார் தப்பிக்கிறார்கள் என்பதில் பாதி இந்தப் பக்கங்களில்தான் முடிவாகிறது.

இதைப் பேச பியூட் கவுன்டியைவிடப் பொருத்தமான இடம் எனக்குத் தெரியவில்லை. சாக்ரமென்டோவுக்கு வடக்கே, பாதி சமவெளி, பாதி மலையடிவாரக் காடு. 2010இல் ஒரு பொதுத்திட்டம் போட்டார்கள், 2023இல் அதைத் திருத்தி 2040 வரைக்கும் நீட்டினார்கள். இந்த இரண்டுக்கும் நடுவில் அந்த ஒரே கவுன்டியில் நடந்ததைப் பாருங்கள்: 2017 பிப்ரவரியில் ஓரோவில் அணையின் உபரிநீர்ப் போக்கி அரித்துக்கொண்டு போனதால் கீழே இருந்த சுமார் 1,88,000 பேரை வெளியேறச் சொன்னார்கள், 2018 நவம்பர் 8இல் கேம்ப் ஃபயர் என்ற காட்டுத்தீ, 2020இல் பெர்ரி கிரீக்கை அழித்த நார்த் காம்ப்ளெக்ஸ் தீ. திருத்திய மறு ஆண்டே, 2024 ஜூலையில், பார்க் ஃபயர்.

இதில் கேம்ப் ஃபயரை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். 85 பேர் இறந்தார்கள், 18,000க்கும் மேற்பட்ட கட்டடங்கள் எரிந்தன, பாரடைஸ் என்ற ஊர் கிட்டத்தட்ட முழுசாகப் போனது. 2010 கணக்கெடுப்பில் 26,000 பேருக்கு மேல் இருந்த ஊரில் 2020இல் ஐயாயிரம் பேர்கூட இல்லை. தீ பிடித்ததற்குக் காரணம் பிஜிஅண்ட்ஈ மின் நிறுவனத்தின் பழைய மின்தடத்தில் தேய்ந்து அறுந்த ஒரு கொக்கி. நிறுவனம் 2020இல் நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டது. ஆனால் தீ பிடித்த பிறகு நடந்ததில் திட்டமிடலுக்குப் பெரிய பங்கு உண்டு.

இந்த மாதிரி இடத்தில் திட்டத்தைத் திருத்தும்போது மேசைக்கு வருகிற யோசனைகள் பொதுவாக நான்கு. சாலையை அகலமாக்கு. வீட்டைத் தீக்கு ஈடுகொடுக்கிற மாதிரி மாற்று. ஆபத்தான இடத்தில் புதிதாகக் கட்டாதே. வெளியேற முடியாதவர்களுக்கு எச்சரிக்கையும் அடைக்கலமும் கொடு. நான்குமே வேண்டும் என்று சொல்லிவிடுவது சுலபம், திட்டங்களும் அப்படித்தான் எழுதப்படுகின்றன. பணம் ஒன்றுதானே, எது முதலில் என்பதுதான் சண்டை.

சாலை

கூட்டங்களில் மக்கள் அதிகம் கேட்பது இதைத்தான், கேட்பதில் நியாயமும் இருக்கிறது. பாரடைஸ் ஒரு மலைமுதுகில் உட்கார்ந்திருக்கிற ஊர், இரண்டு பக்கமும் பள்ளத்தாக்கு. கீழே இறங்க ஸ்கைவே, நீல், கிளார்க், பென்ட்ஸ் என்று நான்கு சாலைகள், அதில் ஸ்கைவேதான் பெரியது. 2008இல் ஹம்போல்ட் தீ வந்தபோதே சாலைகள் மறிபட்டு ஊர் நெரிசலில் திணறியது. அடுத்த ஆண்டு கவுன்டியின் கிராண்ட் ஜூரி என்கிற குடிமக்கள் விசாரணைக் குழு, வெளியேறும் வழிகள் சரியாகும்வரை தீ அபாயப் பகுதியில் புது வீடுகளை நிறுத்தி வையுங்கள் என்று எழுதியது. கவுன்டியை நிர்வகிக்கிற வாரியம் அதை ஏற்கவில்லை. சில ஆண்டு கழித்து, ஊருக்குள் ஸ்கைவேயின் ஒரு பகுதியைக் கடைத்தெருவில் நடப்பவர்களின் பாதுகாப்புக்காகக் குறுக்கவும் செய்தார்கள். அதனால் சாலை என்றாலே அங்குள்ளவர்களுக்குக் கோபம் வருவது இயல்பு.

சரி, ஒரு தோராயக் கணக்கு போட்டுப் பார்ப்போம். தீக்கு முன் அந்த மலைமுதுகில், மேலே உள்ள மகாலியா என்ற ஊரையும் சேர்த்து, ஏறக்குறைய 40,000 பேர். காருக்கு இரண்டு பேர் என்றால் 20,000 கார். ஒரு தடத்தில் மணிக்கு 1,500 கார் போகும் என்று தாராளமாகவே வைத்துக்கொள்வோம். ஸ்கைவேயில் இரண்டு தடம், மற்ற மூன்றிலும் ஒவ்வொன்று, ஆக ஐந்து தடம், மணிக்கு 7,500 கார். எல்லாச் சாலையும் திறந்திருந்து, யாரும் மோதாமல், புகை கண்ணை மறைக்காமல் இருந்தால்கூட கிட்டத்தட்ட இரண்டே முக்கால் மணிநேரம் ஆகிறது. அன்றைக்குத் தீயை முதலில் பார்த்தது காலை ஆறரை மணி வாக்கில். எட்டு மணிக்கெல்லாம் ஊருக்குள் கங்குகள் விழுந்து தனித்தனியாகத் தீ பிடித்துவிட்டது. அதாவது கையில் இருந்தது ஒன்றரை மணிநேரம், அதிலும் பெரும்பகுதி ஊர் விஷயம் தெரியாமலேயே போனது.

இப்போது ஒவ்வொரு சாலைக்கும் ஒரு தடம் கூட்டுங்கள். ஒன்பது தடம், ஒன்றரை மணிநேரம். கணக்கு இப்போதுதான் விளிம்பில் வந்து நிற்கிறது, அதுவும் எல்லாம் ஒழுங்காக நடந்தால். அன்று கிழக்கிலிருந்து வந்த தீ பென்ட்ஸ் சாலைப் பக்கம்தான் முதலில் நுழைந்தது. தீ சாலையின் குறுக்கே நிற்கும்போது தடம் இரண்டாக இருந்தென்ன, நான்காக இருந்தென்ன? ஸ்கைவேயில் எதிர்த்திசைத் தடங்களையும் இறங்குகிற பக்கமாகவே திருப்பிவிட்டும் ஊர் காலியாகப் பல மணிநேரம் பிடித்தது. மலைச் சாலையை அகலமாக்க நிலம் எடுக்க வேண்டும், பாறையை உடைக்க வேண்டும், ஆண்டுக்கணக்கில் ஆகும். சாலை வேண்டாம் என்று சொல்லவில்லை. முட்டுச்சந்துத் தெருக்களை ஒன்றோடொன்று இணைப்பது, சாலையோர மரங்களையும் புதரையும் விலக்குவது, இதெல்லாம் குறைந்த செலவில் நிறையப் பலன் தரும், உடனே செய்ய வேண்டியவை. ஆனால் பெரிய பணத்தை முதலில் அகலப்படுத்துவதில் கொட்டுவது எனக்குச் சம்மதமில்லை.

வீடு

காட்டுத்தீ என்றதும் நாம் நினைப்பது அலையாக வருகிற நெருப்பை. வீடுகளைப் பெரும்பாலும் எரிப்பது அதுவல்ல, காற்றில் பறந்து வருகிற கங்குகள்தான். பரணுக்குக் காற்றோட்டம் விடுகிற துவாரம் ஒன்று கூரைக்கடியில் இருக்கும், பழைய வீடுகளில் அதில் அடித்திருக்கிற கம்பிவலையின் கண் கால் அங்குலம். அதன் வழியாகக் கங்கு தாராளமாக உள்ளே போகும். எட்டில் ஒரு பங்கு அங்குலம் அல்லது அதற்கும் சின்னக் கண்ணுள்ள உலோக வலை மாட்டினால் பெரும்பாலும் தடுத்துவிடலாம். ஒரு சனிக்கிழமை வேலை, அவ்வளவுதான். கூரை விளிம்புத் தகரத்தில் சேர்ந்த பைன் ஊசிச் சருகு, சுவரை ஒட்டிக் கொட்டிய மரப்பட்டைத் தூள், வீட்டில் வந்து முட்டுகிற மரவேலி, கங்கு வந்து உட்காருகிற இடங்கள் இவையே. அதனால்தான் வீட்டைச் சுற்றி முதல் ஐந்தடியில் எரிகிற பொருள் எதுவும் இருக்கக் கூடாது என்கிற விதியை நோக்கி 2020இலேயே மாநிலம் ஒரு சட்டம் போட்டது.

இது பலிக்குமா என்பதற்கு பாரடைஸே சாட்சி. தீ அபாயப் பகுதிகளுக்கான கட்டட விதி 2008இல் நடைமுறைக்கு வந்தது. அதன் பிறகு கட்டிய வீடுகளில் ஏறக்குறைய பாதி கேம்ப் ஃபயரில் சேதமின்றித் தப்பின. அதற்கு முன் கட்டியவற்றில் ஐந்தில் ஒன்றுகூடத் தப்பவில்லை. ஒரே ஊர், ஒரே காலை, ஒரே காற்று. இதைவிட வெளிப்படையாக எந்த ஆதாரம் வேண்டும்?

இதிலும் ஓட்டை உண்டு. பக்கத்து வீடு பற்றி எரிந்தால் அந்த அனலில் உங்கள் நல்ல வீடும் போய்விடும், ஆகவே தெருவே சேர்ந்து செய்தால்தான் முழுப் பலன். புதிதாகக் கட்டும்போது கூடுதல் செலவு பெரிதல்ல, பழைய வீட்டுக்குக் கூரையும் சன்னலும் மாற்றுவதுதான் சுமை. அந்த மலையடிவாரத்தில் இருந்தவர்களில் நிறையப் பேர் ஓய்வுபெற்றவர்கள், மாதப் பணத்தில் வாழ்கிறவர்கள், நடமாடும் வீடுகளில் இருந்தவர்கள். அவர்களிடம் விதியை மட்டும் நீட்டினால் ஊரைவிட்டுத் துரத்துகிற மாதிரி ஆகிவிடும், மானியம் சேர்ந்து வர வேண்டும். அப்படியிருந்தும், சாலைக்குப் போடுகிற ஒவ்வொரு டாலரையும் இதில் போடுகிற டாலரோடு ஒப்பிட்டால் சாலையைவிட இதுதான் எனக்கு முந்தியது. வீடு எரியாவிட்டால் தப்பிக்க வேண்டிய அவசரமும் குறைகிறது, திரும்பி வர இடமும் இருக்கிறது.

கட்டாமல் இருப்பது

மூன்றாவது வழி காகிதத்தில் மிகச் சுத்தம். அபாய வரைபடத்தில் சிவப்பாக இருக்கிற இடத்தில் புதிய குடியிருப்புக்கு அனுமதி கொடுக்காதே, அவ்வளவுதான். செலவு குறைவு, பலன் நிச்சயம். ஆனால் அது இனி வரப்போகிறவர்களுக்கு மட்டும், ஏற்கெனவே அங்கே இருக்கிறவர்களுக்கு ஒன்றும் செய்யாது. வீட்டுத் தட்டுப்பாடு இன்னொரு பக்கம் நெருக்குகிறது: பாரடைஸ் எரிந்ததும் ஏறக்குறைய 20,000 பேர் பக்கத்துச் சிக்கோ நகருக்கு வந்து சேர்ந்தார்கள், அங்கே வாடகையும் பள்ளியும் சாக்கடையும் திணறின. தீ அபாயப் பகுதியில் புதிதாகக் கட்டுவதைக் கட்டுப்படுத்தும் ஒரு மசோதா மாநிலச் சட்டமன்றத்தில் நிறைவேறியும், 2020இல் ஆளுநர் நியூசம் அதில் கையெழுத்திட மறுத்துவிட்டார்.

இதற்கும் மேலே ஒரு நல்ல காரியத்தை, பாரடைஸின் பூங்காக்களைக் கவனிக்கிற உள்ளாட்சி அமைப்பு செய்கிறது. விற்க விரும்புகிறவர்களிடம் ஊரின் ஓரத்து மனைகளை வாங்கி, புதர் வெட்டிப் பராமரிக்கிற திறந்தவெளி வளையமாக்கப் பார்க்கிறார்கள். யாரையும் கட்டாயப்படுத்தாமல் ஆபத்தான விளிம்பைக் காலி செய்கிற வழி இது, தடையாணையைவிட எனக்கு இது பிடித்திருக்கிறது.

எச்சரிக்கையும் அடைக்கலமும்

அதிகம் பேசப்படாதது இந்த நான்காவது வழிதான். 2018இல் கவுன்டி நம்பியிருந்த எச்சரிக்கை முறையில், செல்பேசிக்கு அழைப்பு வர வேண்டுமென்றால் முன்கூட்டியே பதிவு செய்திருக்க வேண்டும், நிறையப் பேர் பதிவு செய்திருக்கவில்லை. அந்தப் பகுதியில் இருக்கிற எல்லா செல்பேசிக்கும் போகிற அவசரச் செய்தியை அன்று அனுப்பவே இல்லை. வெளியேற்றத் திட்டமும் ஊரை மண்டலமாகப் பிரித்து ஒவ்வொன்றாகக் காலி செய்வதற்காக எழுதப்பட்டது, மொத்த ஊரும் ஒரே நேரத்தில் கிளம்பும் நிலைக்கு அது ஈடுகொடுக்கவில்லை. இறந்தவர்களில் பெரும்பாலோர் முதியவர்கள். வீட்டிலேயே, அல்லது வீட்டுக்குப் பக்கத்திலேயே இறந்தார்கள். அவர்களில் பலருக்குச் சாலை எத்தனை தடம் என்பது ஒரு பொருட்டே இல்லை, அவர்களால் வாசல் தாண்டவே முடியவில்லை.

இன்னொரு பக்கம், சாலையில் சிக்கிய பலரைத் தீயணைப்பு வீரர்களும் போலீஸும் கடை முன்னாலிருந்த கார் நிறுத்துமிடங்களுக்கும் கான்கிரீட் வெளிகளுக்கும் திருப்பிவிட்டுக் காப்பாற்றினார்கள். அன்று இப்படி 31 இடங்களில் 1,200 பேருக்கு மேல் தஞ்சம் புகுந்தார்கள் என்று அமெரிக்க அரசின் தர நிர்ணய நிறுவனம் பின்னர் செய்த ஆய்வு சொல்கிறது. பெரும்பாலும் அந்த நேரத்தில், அந்த இடத்தில், கண்ணில் பட்டதை வைத்து எடுத்த முடிவுகள். இவற்றையே முன்கூட்டித் தேர்ந்தெடுத்து, சுற்றிலும் மரம் வெட்டி, பெயர்ப்பலகை வைத்து, ஆண்டுதோறும் சுத்தம் செய்து வைத்தால் ஒரு மைல் சாலைக்கு ஆகிற செலவுகூட ஆகாது.

இதற்கு எதிராக வைக்கிற வாதம், அடைக்கலம் இருக்கிறது என்றால் ஜனங்கள் கிளம்பத் தாமதிப்பார்கள் என்பது. அதைத் தள்ளிவிட முடியாது. 2009 பிப்ரவரி 7இல் ஆஸ்திரேலியாவின் விக்டோரியாவில் 173 பேர் இறந்த பிறகு, வீட்டிலேயே இருந்து காப்பது அல்லது கிளம்புவது என்ற பழைய அறிவுரையை மாற்றி, கடும் அபாய நாளில் முன்கூட்டியே கிளம்புவதுதான் உயிருக்குப் பாதுகாப்பு என்று அழுத்திச் சொன்னார்கள். நேர்மாறாக, சான் டியேகோ கவுன்டியின் ராஞ்சோ சான்டா ஃபேயில், உள்ளேயே தங்கித் தப்பிக்கலாம் என்கிற அளவுக்குத் தீக்கு ஈடுகொடுக்கவே வடிவமைத்த ஐந்து குடியிருப்புகளில் 2007 விட்ச் தீயில் ஒரு வீடுகூடப் போகவில்லை. அது பணக்காரர்களின் புதிய வீடுகள், கறாரான பராமரிப்பு. பெர்ரி கிரீக்கில் அதை அப்படியே எதிர்பார்க்க முடியாது. அதனால் நேரம் இருந்தால் கிளம்பு, இல்லையென்றால் இந்த இடத்துக்குப் போ என்று இரண்டையும் வரிசைப்படுத்தித் திட்டத்தில் எழுதினால் போதும். பாரடைஸ் ஊராட்சி 21 இடங்களில் சைரன் கோபுரங்கள் நட்டிருப்பது இதன் முதல் பாதி. மின்சாரமும் செல்பேசிக் கோபுரமும் போனாலும் காதில் விழும்.

சாக்கடைக்கும் தீக்கும் என்ன சம்பந்தம்?

பொது வசதிகள் பற்றிய அத்தியாயத்தையும் பாதுகாப்பு அத்தியாயத்தையும் தனித்தனியாகப் படித்தால் இது புலப்படாது. பாரடைஸில் பாதாளச் சாக்கடையே கிடையாது, எல்லாம் செப்டிக் டேங்க். அதற்கு மனை பெரிதாக இருக்க வேண்டும், அதனால் ஊர் மலையெங்கும் காட்டுக்குள் சிதறியது. முதியவர்களுக்கு அடுக்குமாடி வீடுகள் கட்டி, நடுவூரில், பெரிய சாலை ஓரத்தில் குடிவைக்க வேண்டுமென்றால் சாக்கடை வேண்டும். சிக்கோவின் சுத்திகரிப்பு நிலையம் வரை சுமார் 18 மைல் குழாய் போடுவதா, ஊரிலேயே சின்ன நிலையம் கட்டுவதா என்று பார்த்து, ஊர் முதலாவதன் பக்கம் சாய்ந்தது. செலவு பெரிது, ஆனாலும் ஊரை நெருக்கமாக, நடுவே திரட்ட இதுதான் வழி, ஆகவே இதைப் பாதுகாப்புச் செலவாகவே பார்க்க வேண்டும் என்பது என் கருத்து. தீயணைப்பு நிலையம் இன்னொன்று கட்டுவதை நான் இதற்குக் கீழேதான் வைப்பேன். ஆயிரக்கணக்கான வீடுகள் ஒரே நேரத்தில் எரியும்போது இரண்டு வண்டி கூடுதலாக இருந்து ஆகப்போவது அதிகமில்லை.

ஆக என் வரிசை இது: முதலில் எச்சரிக்கையும் அடைக்கலமும், ஏனென்றால் செலவு குறைவு, அடுத்த கோடைக்குள் முடித்துவிடலாம். கூடவே பழைய வீடுகளுக்கு மானியம். அப்புறம் சாக்கடையும் நடுவூர்க் குடியிருப்பும், விளிம்பு மனைகளை வாங்குவதும். சாலை அகலம் கடைசியில்.

2019இல் வந்த ஒரு மாநிலச் சட்டம், வெளியேறும் வழிகளின் கொள்ளளவைப் பல அவசரநிலைகளை வைத்துச் சோதித்துப் பார்க்கக் கவுன்டிகளைக் கேட்கிறது. அடுத்த திருத்த வரைவு பொதுமக்கள் கருத்துக்கு வரும்போது அந்த அத்தியாயத்தில் நான் முதலில் தேடப்போவது மகாலியாவை. தீக்கு முன் ஏறக்குறைய 11,000 பேர் இருந்த, பாரடைஸுக்கு மேலே உள்ள ஊர். அவர்கள் இறங்க வேண்டிய முக்கிய வழி ஸ்கைவே, அதுவும் பாரடைஸ் ஊடாக. ஸ்கைவே மூடிவிட்டால் அவர்கள் எந்த இடத்துக்குப் போக வேண்டும், அங்கே எத்தனை பேர் நிற்கலாம், புதர் வெட்டுவது யார் பொறுப்பு, எந்த நிதியில், இந்த நான்குக்கும் அதில் விடை இருக்க வேண்டும். இல்லையென்றால் அதைக் கேட்டு வாரியத்துக்கு எழுத வேண்டும்.