ஒற்றைப் பேனல் மரச் சேடில்: எடை குறைவுதான், ஆனால் கயிற்றையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள்

அமெரிக்காவில் வில்லோடு வெள்ளைவால் மான் வேட்டைக்குப் போகிறவர்களில் பலர் முதுகில் சுமந்த அலுமினியப் பரணை விட்டுவிட்டு சேடிலுக்கு மாறிவிட்டார்கள். இடுப்பையும் பின்புறத்தையும் தாங்கும் ஒரு துணிப்பட்டை, மரத்தில் கட்டிய கயிறு, காலூன்ற ஒரு சிறு தட்டு. அவ்வளவுதான் இதன் அமைப்பு. டெதர்ட் நிறுவனத்தின் ஃபேண்டம் போன்ற ஒற்றைப் பேனல் (ஒரே துணிப்பட்டை) சேடில்கள் ஒரு கிலோவுக்கும் குறைவு, சுருட்டினால் பைக்குள் அடங்கிவிடும். பல மாநிலங்களின் பொது நிலங்களில் மரத்தில் திருகுப்படி இறக்கக் கூடாது, பரணை அப்படியே விட்டுவிட்டும் வர முடியாது. அங்கே இதற்கு நிகரில்லை. (இந்தியாவில் மான் வேட்டை 1972ஆம் ஆண்டின் வனவுயிர்ச் சட்டப்படி குற்றம். உரிமம் எடுத்து அமெரிக்காவில் வேட்டையாடுகிறவர்களுக்கு மட்டுமே இந்த விமர்சனம்.)

விளம்பரத்தில் போடும் எடை சேடிலுக்கு மட்டும்தான். டெதர் கயிறு (மரத்தில் கட்டித் தொங்குவது), லைன்மேன் கயிறு (ஏறும்போது மரத்தைச் சுற்றிப் போடுவது), காரபைனர்கள் (பூட்டுக் கொக்கிகள்), நாலு ஏறுபடிகள், கால்தட்டு எல்லாம் சேர்ந்தால் மொத்தம் ஐந்தாறு கிலோவைச் சுலபமாகத் தாண்டும். சுமை குறைய வேண்டுமானால் ஏறுபடிகளில் கைவையுங்கள். சேடிலில் இன்னும் 200 கிராம் குறைக்க அதிகப் பணம் கொடுப்பது வீண்.

இனி, வலி. இடுப்பின் இருபுறமும் நெரிக்கிறது என்பதுதான் மெல்லிய சேடிலைப் பற்றி அடிக்கடி வரும் புகார். துணி மெல்லியதாக இருப்பதைக் குறை சொல்வார்கள். பெரும்பாலும் காரணம் பிரிட்ஜ்தான், அதாவது சேடிலின் இரு பக்க வளையங்களையும் இணைத்து முன்னால் வரும் கயிறு. அது குட்டையாக இருந்தால் இரு வளையங்களையும் உள்நோக்கி இழுக்கும், பட்டை இடுப்பெலும்பை நசுக்கும். நீட்டினால் இழுவை முன்னோக்கித் திரும்பி, நெரிசல் விடும். ஃபேண்டமில் பிரிட்ஜின் நீளத்தை மாற்றிக்கொள்ளலாம், அதன் பெரிய பலமே இதுதான். அதற்காக அளவில்லாமல் நீட்டக் கூடாது. தொங்கும்போது காரபைனர் கைக்கு எட்ட வேண்டும்.

அடுத்தது டெதரின் உயரம். கால்தட்டில் நின்றால் நெற்றி மட்டத்தில் இருக்கும்படி கட்டித் தொடங்குங்கள், பிறகு அரை சாண் ஏற்றியோ இறக்கியோ பாருங்கள். இந்தச் சோதனையை வீட்டுத் தோட்டத்தில், தரையிலிருந்து முழங்கால் உயரத்தில் செய்யுங்கள். சாய்ந்து நிற்பதும், முழங்காலை மரத்தில் அண்டக்கொடுத்து உட்காருவதும் மாறி மாறி வந்தால்தான் உடம்பு தாங்கும். முழங்கால் மெத்தை கண்டிப்பாக வேண்டும். இத்தனை சரிசெய்தும், நவம்பரில் விடியலிலிருந்து அந்திவரை மரத்தில் இருக்கும் நாட்களுக்கு ஒற்றைப் பேனல் போதாது. லாட்டிட்யூட் மெத்தட் 2 போன்ற இரட்டைப் பேனலில் ஒன்றைத் தொடைக்கும் மற்றதை இடுப்புக்கும் பிரித்து வைக்கலாம். அரைநாள் வேட்டைக்கு ஒற்றைப் பேனல் தாராளம்.

ஏறும் முறையில் சமரசம் கிடையாது. மின்கம்பத்தில் ஏறும் நம்மூர் லைன்மேன் இடுப்பில் போடும் கயிறு போலத்தான், தரையைவிட்டுக் கால் எடுக்கும் முன்பே லைன்மேன் கயிறு மரத்தைச் சுற்றி இரு பக்க வளையங்களிலும் பூட்டியிருக்க வேண்டும். ஒவ்வொரு படியாகக் கட்டி ஏறி, கால்தட்டைப் பொருத்தி, டெதரைக் கட்டி, பிரிட்ஜைப் பூட்டி, அதில் எடையைப் போட்டுப் பார்த்த பிறகுதான் லைன்மேன் கயிற்றைக் கழற்றலாம். வில்லை அதற்குப் பிறகு இழுகயிற்றில் மேலே ஏற்றுங்கள். இடுப்புப்பட்டை இடுப்பெலும்புக்கு மேலே இறுகியிருக்கட்டும், தொடைப்பட்டைகளைத் தளர்த்தலாம், அவிழ்க்கக் கூடாது. டெதரில் தொய்வு விடவே கூடாது. அது நீளாத ஸ்டாட்டிக் கயிறு. அரை மீட்டர் விழுந்தாலும் அதிர்ச்சி முழுக்க உடம்புக்குத்தான்.

கயிற்றில் நகர்ந்து பிடிக்கும் பகுதிக்கு புருசிக் முடிச்சும் (எடை விழுந்தால் இறுகும், எடை இல்லாதபோது நகரும்) போதும், ரோப்மேன் 1 போன்ற கருவியும் உண்டு. ஈரமாகி உறைந்த புருசிக் கையுறை விரலுக்கு மசியாது, கருவி ஒற்றைக் கையால் நகரும். ஆனால் ரோப்மேன் 1 என்பது 10 முதல் 13 மி.மீ. கயிற்றுக்கானது. எடை குறைக்கிறேன் என்று 8 மி.மீ. கயிற்றில் அதை மாட்டுவது ஆபத்து. எதுவானாலும் கயிற்றின் கீழ்நுனியில் ஒரு தடுப்பு முடிச்சு போடுங்கள்.

பிரிட்ஜ் ஆம்ஸ்டீல் கயிறு, அதாவது டைனீமா என்ற செயற்கை இழையால் பின்னியது. எஃகுக்கு நிகராக இழுவை தாங்கும், சூடு தாங்காது. சுமார் 150 டிகிரியில் உருகிவிடும், அதனால் வேறு கயிறு அதன்மேல் உரசி ஓட விடாதீர்கள். மேலே லேசாகப் பஞ்சு கிளம்புவது சகஜம். இழை அறுந்திருந்தாலோ, பளபளவென இறுகியிருந்தாலோ மாற்றிவிடுங்கள். வெயில் படாமல், எலி எட்டாத டப்பாவில் வைக்க வேண்டும்.

மரத் தேர்விலும் கொஞ்சம் கறார் தேவை. மிச்சிகனில் 2002இல் கண்டறியப்பட்ட மரகதத் துளைப்பான் வண்டு ஆஷ் மரங்களைக் கூட்டம் கூட்டமாகக் கொன்றிருக்கிறது. காய்ந்த ஆஷ் திடீரென முறியும், அதில் ஏறவே வேண்டாம். பட்டை உரியும் ஹிக்கரி மரத்தில் உரசினால் சத்தம் வரும்.

வலக்கைக்காரருக்கு இடப்பக்கம் அம்பு விடுவது எளிது. வலப்பக்கம் என்றால் வில்லை பிரிட்ஜைத் தாண்டிக் கொண்டுபோய் உடம்பைத் திருப்ப வேண்டும், அதற்குள் மான் பார்த்துவிடும். எனவே மான் தடம் இடப்பக்கம் விழும்படி மரத்தின் பக்கத்தைத் தேர்ந்தெடுங்கள். தண்டு உங்களுக்கும் தடத்துக்கும் நடுவில் இருந்தால் அதுவே மறைவு. பரணில் இந்த வசதி இல்லை.

வாங்கும்போது இடுப்பளவை வெறும் சட்டையோடு எடுக்காதீர்கள். நவம்பர் குளிருக்குப் போடும் எல்லா அடுக்கும் போட்டுக்கொண்டு அளந்து, அதற்கேற்ற அளவைக் கேளுங்கள். எடை வரம்பு பெரும்பாலும் 136 கிலோ. துணி, பை, வில் எல்லாம் அதில் அடக்கம்.